கன்சோல் ஆட்டத்தைக் கணினிக்குக் கொண்டுவர

நாவலூர் அடுக்குமாடி ஒன்றில் குடியிருக்கும் கல்லூரி மாணவர் கேட்டிருக்கிறார்: “பிஎஸ்5-ல் ஆடுவதைப் பதிவு செய்து, கணினியில் எடிட் செய்து, தமிழில் பேசி யூடியூபில் போட வேண்டும். எந்த கேப்சர் கார்டு வாங்கலாம்?”

தம்பி, இப்போதைக்கு எதுவும் வாங்க வேண்டாம். கன்ட்ரோலரில் இருக்கும் கிரியேட் பட்டனை வைத்தே தொடங்குங்கள். கடைசி 60 நிமிட ஆட்டம் வரை பிஎஸ்5 தானாகச் சேமித்துத் தரும். செட்டிங்ஸில் வீடியோ வகையை எம்பி4 என்று மாற்றிக்கொள்ளுங்கள். வெப்எம் வகையை எடுக்காத எடிட்டிங் மென்பொருள்கள் இன்னும் இருக்கின்றன. யூடியூபுக்கு 1080பி தாராளம். எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மேட் செய்த பென் டிரைவில் நகலெடுத்துக் கணினிக்கு மாற்றிவிடலாம்.

எந்த ஆட்டத்தில் தொடங்குவது? டொராண்டோவின் விசை கேம்ஸ் 2023-ல் வெளியிட்ட ‘வெண்பா’வைச் சொல்வேன். கனடாவில் குடியேறிய தமிழ்க் குடும்பத்தின் சமையலறைதான் களம். 2024-ல் சிறந்த முதல் படைப்புக்கான பாஃப்டா விருது பெற்றது. இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும் என்பதால் முழுவதையும் பதிவு செய்து பழகலாம்.

கன்சோல் பதிவின் குறையும் அந்த ஆட்டத்திலேயே தெரிந்துவிடும். மைக்கை இணைத்தால் உங்கள் குரலும் ஆட்டத்தின் ஒலியும் ஒரே தடத்தில் கலந்துவிடுகின்றன. ஆட்டத்தில் வானொலிப் பாட்டு ஒலிக்கும்போது நீங்கள் பேசியிருந்தால், பிறகு பிரிக்க வழியில்லை. போதாக்குறைக்கு, சில ஆட்டங்களில் சில காட்சிகளைப் பதிவாகாமல் தயாரிப்பாளரே தடுத்து வைத்திருப்பார். இந்த இரண்டும் உண்மையிலேயே தொல்லை தரத் தொடங்கிய பிறகு கார்டு வாங்குங்கள்.

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போனால் பெட்டியில் ‘4கே’ என்று பெரிதாக அச்சடித்த மலிவு கார்டுகள் கிடைக்கும். பெரும்பாலும் அந்த 4கே உள்ளே வரும் படத்துக்கு மட்டும்தான், பதிவாவது 1080பி. கடைக்காரரிடம் இரண்டே கேள்வி கேளுங்கள். யூஎஸ்பி 3.0-வா? டிவிக்குப் போகத் தனி எச்டிஎம்ஐ வழி உண்டா? விநாடிக்கு 60 ஃபிரேம் கொண்ட 1080பி படம் அமுக்கப்படாமல் வந்தால் விநாடிக்கு ஏறத்தாழ 250 எம்பி, யூஎஸ்பி 2.0-வின் உச்ச வேகமே 60 எம்பிதான். அதனால் மலிவு கார்டு படத்தை நசுக்கித்தான் அனுப்பும். டிவிக்குத் தனி வழி இல்லையென்றால் கணினித் திரையைப் பார்த்து ஆட வேண்டிவரும். அதில் படம் பிந்தி வரும், குறி தப்பும்.

கார்டை இணைத்ததும் திரை கறுப்பாக இருந்தால் கார்டைக் குறை சொல்லாதீர்கள். பிஎஸ்5-ல் செட்டிங்ஸ், சிஸ்டம், எச்டிஎம்ஐ என்று போய், நகலெடுப்பதைத் தடுக்கும் எச்டிசிபி-யை அணையுங்கள். படம் பார்க்கும் செயலிகளுக்காக அதைத் திரும்பப் போட வேண்டியிருக்கும். பழைய பிஎஸ்3-ல் எச்டிசிபி-யை அணைக்கவே முடியாது. அதற்குக் காம்பொனென்ட் கேபிளும், அதை ஏற்கும் கார்டும் தேவை.

கணினியில் ஓபிஎஸ் ஸ்டுடியோ போதும். இலவசம், வாட்டர்மார்க் கிடையாது. ஆனால் உங்களைப் போல் அடுக்குமாடியில் இருப்பவர் ஒன்றை மறக்கவே கூடாது. கரண்ட் போய் ஜெனரேட்டர் எடுப்பதற்குள் சில விநாடி இடைவெளி விழும். யூபிஎஸ் இல்லாத கணினி அதற்குள் அணைந்துவிடும். சாதாரண எம்பி4 கோப்பின் அட்டவணை பதிவு முடியும்போதுதான் எழுதப்படும். நடுவில் அணைந்தால் இரண்டு மணி நேரப் பதிவும் திறக்காது. எம்கேவி-யில் பதிவு செய்தால் அணைந்த நொடிக்கு முந்தையதெல்லாம் தப்பிக்கும். பிறகு ஃபைல் மெனுவில் உள்ள ‘ரீமக்ஸ்’ மூலம் தரம் குறையாமல் எம்பி4 ஆக்கிக்கொள்ளலாம். கார்டுக்கு வைத்திருக்கும் பணத்தில் கொஞ்சம் எடுத்துச் சின்ன யூபிஎஸ் ஒன்று வாங்குங்கள் என்று அழுத்திச் சொல்கிறேன். கன்சோலையும் அதிலேயே மாட்டலாமா என்று அதன் வாட் திறனைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

ஓபிஎஸ்-ல் ஒலியை ஆறு தடங்கள் வரை தனித்தனியாகப் பதியலாம். ஆட்டத்தின் ஒலி ஒன்றில், உங்கள் குரல் இன்னொன்றில். இந்த ஒரு வசதிக்காகவே கார்டு வாங்கலாம் என்பேன். எல்லா இடத்திலும் 48 கிலோஹெர்ட்ஸ் என்றே வையுங்கள். மாறினால் நீண்ட பதிவில் குரலும் படமும் பொருந்தாமல் போகலாம். நம் ஊர் வெயிலில் ஃபேனை அணைத்துவிட்டுப் பேச முடியாது. மைக்கை வாய்க்கு ஒரு சாண் தூரத்துக்குள் வைத்து, கெயினைக் குறையுங்கள். ஃபேன் இரைச்சல் பாதியாவது அடங்கும்.

கணினியில் இடம்? பதிவின் பிட்ரேட்டை 50 எம்பிபிஎஸ் என்று வைத்தால் ஒரு மணி நேரத்துக்கு 22 ஜிபிக்கு மேல் போகும். வெட்டுவதற்கு டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பே போதும். லினக்ஸில் மட்டும் அந்த இலவசப் பதிப்பு எச்.264 வீடியோவை எடுக்காது, விண்டோஸில் சிக்கல் இல்லை.

ஒவ்வொரு முறை ஆட உட்காரும்போதும் முதலில் இரண்டு நிமிடம் பதிவு செய்து, அதை ஹெட்போனில் கேட்டுப் பாருங்கள். குரல் தனித் தடத்தில் விழுந்திருக்கிறதா என்று பார்த்த பிறகே ஆட்டத்தைத் தொடங்குங்கள்.