இடம் மாறிய கோழி

முட்டையிடும் கோழிகளை வாங்கி வளர்க்கத் தொடங்குவோர் பலர் முதல் வாரத்திலேயே ஏமாற்றம் அடைகின்றனர். பழைய வீட்டில் ஏறக்குறைய நாள்தோறும் முட்டையிட்ட கோழி, புதிய வீட்டிற்கு வந்ததும் ஓரிரு முட்டைகளோடு நிறுத்திக்கொள்கிறது. விற்றவர் ஏமாற்றிவிட்டார் எனச் சினம் கொள்வோர் உண்டு. ‘இனி இது குழம்புக்குத்தான்’ எனத் தீர்மானிப்போரும் உண்டு. ஆனால், பெரும்பாலான வேளைகளில் குறை விற்றவரிடமும் இல்லை, கோழியிடமும் இல்லை.

கோழியின் சினைப்பையிலிருந்து வெளிப்படும் மஞ்சள் கரு, ஓட்டுடன் கூடிய முழு முட்டையாக வெளிவர ஏறத்தாழ 25 மணி நேரம் ஆகிறது. அதில் சுமார் 20 மணி நேரம் ஓடு உருவாவதற்கே தேவைப்படுகிறது. எனவே, புதிய வீட்டில் கிடைக்கும் முதல் முட்டை பெரும்பாலும் பழைய வீட்டிலேயே உருவாகத் தொடங்கியதாகும். அதன் பிறகுதான் பயணத்தின் விளைவு தெரிகிறது. கூடையில் அடைபட்டு, வெயிலிலும் வண்டியின் குலுக்கலிலும் வந்த கோழியின் உடலில் அழுத்தத்தை உணர்த்தும் ஹார்மோன் மிகுதியாகச் சுரக்கிறது. அது, முட்டை உருவாவதைத் தூண்டும் ஹார்மோன்களை அடக்கிவிடுகிறது. அதனால், அடுத்த மஞ்சள் கரு வெளிப்படுவதில்லை.

இதற்கு இயற்கையில் பொருள் உண்டு. வீட்டுக் கோழியின் மூதாதையான சிவப்புக் காட்டுக்கோழி மலேசியக் காடுகளில் இன்றும் வாழ்கிறது. மரநாயும் மலைப்பாம்பும் உலவும் காட்டில், பாதுகாப்பு உறுதியாகாத இடத்தில் முட்டையிடுவது வீண். அந்த எச்சரிக்கை உணர்வு வீட்டுக் கோழியிடமும் நிலைத்திருக்கிறது.

தண்ணீரும் ஒரு முக்கியக் காரணமாகும். முட்டையில் ஏறக்குறைய முக்கால் பங்கு தண்ணீரே உள்ளது. புதிய இடத்தில் தண்ணீர்க் கிண்ணம் எங்கே இருக்கிறது என்று அறியாத கோழி, ஒரு நாள் தாகத்தோடு இருந்தாலே முட்டையிடுவது பாதிக்கப்படும். தீவனம் திடீரென மாறினாலும் கோழி குறைவாகவே உண்ணும்.

ஏற்கெனவே கோழிகள் உள்ள வீடு என்றால் இன்னொரு சிக்கலும் சேர்ந்துகொள்கிறது. கோழிக் கூட்டத்தில் யார் யாரைக் கொத்தலாம் என்னும் வரிசை உண்டு என்பதை, 1920களின் தொடக்கத்தில் நார்வே நாட்டு விலங்கியலாளர் தோர்லைஃப் ஷெல்டெருப்-எப்பே விளக்கினார். புதிய கோழி வந்தால் அந்த வரிசை குலைகிறது. கொத்துப்பட்டு ஒதுங்கும் கோழி, தீவனத்தையும் முட்டையிடும் பெட்டியையும் நெருங்க அஞ்சும்.

இந்தத் தொல்லைகளைப் பெருமளவு குறைக்க இயலும். கோழிகளை மாலையிலோ இரவிலோ, வெயில் தணிந்த பின் கொண்டு வருவது நல்லது. முதல் சில நாள்கள் அவற்றைக் கொட்டகைக்குள்ளேயே வைத்திருந்தால், அதுவே தம் இருப்பிடம் என்று பழகிக்கொள்ளும். பழைய தீவனத்தோடு புதியதைச் சிறிது சிறிதாகக் கலக்க வேண்டும். தண்ணீரையும் தீவனத்தையும் இரண்டு மூன்று இடங்களில் வைத்தால், ஒதுக்கப்பட்ட கோழிக்கும் அவை கிடைக்கும். உலர்ந்த புல் பரப்பிய பெட்டியை இருளான மூலையில் வைத்து, அதில் ஒரு மர முட்டையை இடுவதும் உண்டு. முட்டையிட ஏற்ற இடம் அதுவே என்று கோழிக்கு அது உணர்த்தும்.

நலமான கோழி பெரும்பாலும் சில நாள்கள் முதல் மூன்று நான்கு வாரங்களுக்குள் மீண்டும் முட்டையிடத் தொடங்கும். இறகு உதிரத் தொடங்கிவிட்டால் இரண்டு மூன்று மாதங்கள்கூட ஆகலாம், அதுவும் நோயன்று. வெளியே திரியும் கோழியாயின், புதரில் முட்டைகளை மறைத்து வைத்திருக்கிறதா எனத் தேடிப் பார்க்க வேண்டும். ஆனால், கோழி உண்ணாமல் சோர்ந்து நின்றால் காத்திராமல் கால்நடை மருத்துவரை நாடவேண்டும்.

மற்றபடி, முட்டையிடாத கோழிக்காகக் கத்தியை எடுக்கும் முன், அது வந்து எத்தனை நாள்களாயின என்று நாள்காட்டியைப் பார்ப்பதே முறையாகும்.