பாட்டுக் கட்ட வரும் பிள்ளைகளுக்கு ஒன்பது சொல்

ராயக்கோட்டையில் இப்போது தெருவுக்கு ஒரு கிடார் இருக்கிறது. ஓசூர் சிப்காட்டில் ஷிப்ட் முடித்து வரும் பையன்கள் ராத்திரி திடலில் உட்கார்ந்து வாசிக்கிறார்கள். பெண் பிள்ளைகள் மொட்டை மாடியில் பாடி போனில் பதிவு செய்கிறார்கள். மெட்டு நாட்டுப்புறமாக இருக்க வேண்டும், அடி ராக்காக இருக்க வேண்டும், சொல் தங்களுடையதாக இருக்க வேண்டும் என்கிறார்கள். நல்ல ஆசைதான். ஊர்த் திருவிழா ஆர்கெஸ்ட்ராவில் ஆர்மோனியமும் கீபோர்டும் வாசித்தே தலை நரைத்தவன் நான். யோசனை கேட்டு வருகிறவர்களுக்குச் சொல்வதை இங்கே எண் போட்டு எழுதியிருக்கிறேன். ஒன்பதுக்கும் அடியில் ஓடுவது ஒன்றே: நாட்டார் பாட்டிலிருந்து எடுக்கிறவன் கடன்காரன். திருப்பிக் கொடுக்க மனம் இருப்பவன் மட்டும் கை நீட்டட்டும்.

1. எழுதும் முன் பிறர் பாட்டைப் பாடு

பாப் டிலனுக்கு 2016-ல் இலக்கியத்துக்கான நோபல் பரிசு கொடுத்தார்கள். அவர் வளர்ந்த ஹிப்பிங், அமெரிக்காவின் இரும்புச் சுரங்க ஊர். 1961-ல், இருபது வயது நிறையும் முன்னே, நியூயார்க் வந்து சேர்ந்தார். மறு வருஷம் முதல் இசைத்தட்டு வந்தது. அதில் 13 பாட்டு. அவர் எழுதியவை இரண்டே இரண்டு. மற்றதெல்லாம் பழைய நாட்டுப் பாட்டுகளும் பிறர் பாட்டுகளும்தான். பிறகு உலகமே பாடிய ‘ப்ளோயிங் இன் த விண்ட்’ பாட்டின் மெட்டுக்கும் அடிமைப்பட்டிருந்த கறுப்பின மக்களின் பாட்டு ஒன்றே வேர். அதை அவரே சொல்லியிருக்கிறார்.

உனக்குப் பள்ளிக்கூடம் பக்கத்திலேயே இருக்கிறது. திரௌபதி அம்மன் கோயிலில் பாரதக் கூத்து நடந்தால் முன் வரிசையில் உட்காராதே. பின்பாட்டுக்காரர்களுக்குப் பக்கத்தில் போய் உட்கார். துரியோதனன் வரும்போது கவனி. இரண்டு பேர் ஒரு துணியைத் திரையாகப் பிடிப்பார்கள். ஆள் தெரிய மாட்டான், சலங்கையும் குரலும்தான் கேட்கும். திரை விலகும்போது, வந்தவன் யார், எந்த ஊர் ராஜா, என்ன கோபத்தில் வந்திருக்கிறான் என்பது சபைக்குப் பாட்டாலேயே தெரிந்திருக்கும். பாட்டை எப்படித் தொடங்குவது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எந்த வகுப்பிலும் கிடையாது. நடவுப் பாட்டு, ஒப்பாரி, தாலாட்டு என்று ஐம்பதாவது மனப்பாடம் ஆகட்டும். அப்புறம் பேனாவை எடு.

2. வாயில் வரும் மொழியில் பாடு

பெங்களூரில் ராக் என்றாலே இங்கிலீஷ் என்று ஒரு காலம் இருந்தது. மைசூரில் வளர்ந்த ரகு தீட்சித் கன்னடத்தில் பாடினார். ஷிஷுநாள ஷரீப் என்ற வட கர்நாடகத்து ஞானி (1819–1889) பாடி வைத்த தத்துவப் பதங்களுக்கு கிடாரும் டிரம்ஸும் சேர்த்தார். லுங்கி கட்டி, காலில் சலங்கையோடு மேடை ஏறினார். 2010-ல் பிபிசியின் ஜூல்ஸ் ஹாலந்து நிகழ்ச்சியிலும் 2011-ல் கிளாஸ்டன்பரி விழாவிலும் அதே கோலம்தான். கேட்டவர்களில் எத்தனை பேருக்கு நம் நாட்டு மொழி தெரிந்திருக்கும்? ஆனாலும் ஆடினார்கள்.

நம் ஊரில் ஒருவனுக்கு வீட்டில் தெலுங்கு, பள்ளியில் தமிழ், பெங்களூர் வியாபாரியிடம் கன்னடம், பக்கத்துக் கடையில் உருது. இதைக் குறையாக நினைத்துச் சென்னைத் தமிழுக்கோ சினிமாத் தமிழுக்கோ மாறாதே. நாலு மொழி கலந்து பேசும் தெருவுக்கு அதே கலப்பில் ஒரு பாட்டு இருந்தால் அது நம் ஊர்ப் பாட்டு. ஷரீப் மாதிரி ஆள் தமிழில் இல்லையா என்று கேட்காதே. குணங்குடி மஸ்தான் சாகிபு (1792–1838) இருக்கிறார், சித்தர்கள் இருக்கிறார்கள். தேடிப் படித்துப் பாடு.

3. எடுத்த இடத்தைச் சொல்

நாட்டார் பாட்டுக்குக் காப்புரிமை இல்லை, யார் வேண்டுமானாலும் எடுக்கலாம் என்று ஸ்டுடியோவில் சொல்வார்கள். சட்டத்தில் அது பெரும்பாலும் சரி. நியாயத்தில் சரியில்லை. கெலமங்கலம் பக்கத்தில் ஒரு பாட்டியிடம் ஒப்பாரி கேட்டு எழுதிக்கொண்டு வந்தாயா? அந்த அம்மாள் பெயரையும் ஊரையும் பாட்டோடு போடு. போடலாமா என்று முதலில் அவரிடமே கேள். பணம் வந்தால் பங்கைக் கொண்டுபோய்க் கையில் கொடு. ‘ட்ரெடிஷனல்’ என்று ஒரு சொல்லைப் போட்டு முடித்துவிடாதே.

2021 மார்ச்சில் வந்த ‘எஞ்சாய் எஞ்சாமி’யை நினைத்துப் பார். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பிய தன் பாட்டியின் வாழ்க்கையை வைத்து ராப் பாடகர் அறிவு எழுதிய பாட்டு. உலகம் முழுக்க ஓடியது. ஓடிய பிறகு, இது யார் பாட்டு, யார் பெயர் முன்னால் வர வேண்டும் என்று பொதுவில் பெரிய சர்ச்சை ஆனது. பாட்டில் வேலை செய்த அத்தனை பேரும் திறமைசாலிகள். இருந்தும் இந்தக் கதி என்றால், பெயர்க் கணக்கைப் பாட்டு வெளிவரும் முன்பே எழுதி வைக்க வேண்டும் என்றுதான் அர்த்தம்.

4. பறைக்கு கிடார் வழிவிடட்டும்

புதிதாகக் குழு அமைப்பவர்கள் பறையை ஓர் அலங்காரமாக வைக்கிறார்கள். பாட்டு கிடாருக்காகக் கட்டியிருக்கும். நடுவில் எட்டு மாத்திரைக்குப் பறை வந்து போகும். அது நாட்டுப்புறமும் இல்லை, ராக்கும் இல்லை.

பறை எப்படி வேலை செய்கிறது என்று பக்கத்தில் இருந்து பார். மரச் சட்டத்தில் இழுத்து ஒட்டிய தோல். அடிப்பதற்கு முன் வைக்கோலைக் கொளுத்தி, தீயில் திருப்பித் திருப்பிக் காட்டிக் காய்ச்சுவார்கள். விரலால் தட்டிப் பார்ப்பார்கள். மந்தமாக ‘தொப்’ என்றால் இன்னும் சூடு வேண்டும். கணீரென்று வந்தால் போதும். ஒரு கையில் குட்டையான அடிக்குச்சி, இன்னொரு கையில் மெல்லிய சுண்டுக்குச்சி. மார்கழிப் பனியில் நம் ஊர் மேடையில் நாலு பாட்டுக்குள் தோல் தளர்ந்துவிடும். அப்போது மறுபடி காய்ச்ச நேரம் கொடுக்க வேண்டும். பாட்டு வரிசையைப் போடும்போதே அதற்கு இடம் விடு. அந்த நேரத்தில் கிடாரோடு மட்டும் ஒரு பாட்டைப் பாடு. காய்ச்சாமல் அடிக்கிற ஃபைபர் பறையும் இப்போது வந்திருக்கிறது. வசதிதான், ஆனால் குரல் வேறு. பறை பேசும்போது கிடாரில் கார்டை இழுத்து முழங்க விடாதே. உள்ளங்கையால் கம்பியை அமுக்கி, வெட்டி வெட்டி வாசி. அடிக்கும் அடிக்கும் நடுவில் இருக்கிற மௌனம்தான் ஆட்டக்காரனின் கால்.

பறை அடிப்பவரை மேடை ஓரத்தில் நிறுத்தாதே. இது இசைக் கணக்கு மட்டுமல்ல, சாதிக் கணக்கும்கூட. திரைப்பட இயக்குநர் பா. ரஞ்சித் ஏற்பாட்டில், டென்மா இசையமைத்து, ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழு 2018 ஜனவரியில் சென்னை கீழ்ப்பாக்கத்தில் முதல் கச்சேரி செய்தது. கானாவும் பறையும் ராப்பும் ராக்கும் ஒரே மேடையில் சமமாக நின்றன. கிடாருக்குப் பறை துணை இல்லை என்பதை அன்று பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

5. கண்ணால் பார்த்ததை எழுது

‘ஏழை உழவன் கண்ணீர் ஆறாய் ஓடுது’ என்று ஒரு பையன் எழுதி வந்தான். இதை யார் வேண்டுமானாலும் எந்த ஊரிலும் எழுதலாம். நீ ராயக்கோட்டைக்காரன், தக்காளி மண்டிக்குப் போய் நில் என்றேன். விலை விழுந்த நாளில் வண்டி வாடகைக்குக்கூடக் கட்டாமல் சாலை ஓரத்தில் கொட்டிவிட்டுப் போவதைப் பார்த்திருக்கிறோம். 2023 ஜூலையில் கிலோ நூறு ரூபாயைத் தாண்டியதையும் பார்த்தோம். விலை ஏறிய அந்த மாதம் பறித்த பெண்ணின் கூலி ஏறியதா என்று கேட்டு வா என்றேன். திரும்பி வந்தவன், ‘வண்டி வாடகை போக வீட்டுக்கு வந்தது காலிப் பெட்டி’ என்று எழுதினான். கண்ணீர் என்ற சொல்லே இல்லை. கேட்டவர்களுக்கு வந்தது.

நைட் ஷிப்டில் தூங்காமல் நிற்கிற காண்ட்ராக்ட் தொழிலாளி, பாலக்கோடு வழியாகப் போகிற ரயில், மலை மேல் பாழாய்க் கிடக்கிற துர்கம், எல்லாம் உன்னுடையவை. காதல் பாட்டு எழுதுவதானாலும் கம்பெனி பஸ்ஸில் வைத்து எழுது. நிலாவை ஏற்கெனவே நிறையப் பேர் எழுதிவிட்டார்கள்.

6. வேலையை உடனே விடாதே

ரகு தீட்சித் நுண்ணுயிரியல் முதுகலை படித்தவர். பரதநாட்டியமும் முறையாகக் கற்றவர். கிடார் எடுத்ததே கல்லூரியில் ஒருவன் நாட்டியத்தைக் கேலி செய்ததால் வந்த பந்தயத்தில். பெல்ஜியத்தில் மருந்துக் கம்பெனி வேலையும் பார்த்தார். முதல் குழு கலைந்தது. ஆல்பத்துக்கு நிறுவனம் கிடைக்காமல் வருஷக்கணக்கில் அலைந்தார். விஷால்–சேகர் என்ற இசையமைப்பாளர் இரட்டையர் தங்கள் நிறுவனத்தில் அவருடைய முதல் ஆல்பத்தை வெளியிட்டது 2008-ல். அப்போது அவருக்கு வயது 33.

உனக்கு 22 வயதில் எதுவும் நடக்கவில்லை என்று மூட்டை கட்டாதே. சம்பளம் வருகிற வரை பாட்டு உன்னிடம் கெஞ்ச வேண்டியதில்லை. நீயும் எந்தத் தயாரிப்பாளரிடமும் கெஞ்ச வேண்டியதில்லை. இஎம்ஐ போட்டு விலை உயர்ந்த கிடார் வாங்காதே. தாளம் நிற்கிற வரைக்கும் பழைய கிடார் போதும்.

7. படிக்காமல் கையெழுத்துப் போடாதே

2012-ல் காப்புரிமைச் சட்டத்தைத் திருத்தினார்கள். பாட்டு எழுதியவருக்கும் மெட்டுப் போட்டவருக்கும் ராயல்டியில் பங்கு உண்டு. அந்தப் பங்கை வாரிசுக்கோ காப்புரிமைச் சங்கத்துக்கோ தவிர வேறு யாருக்கும் எழுதிக் கொடுத்துவிட முடியாது. ‘எல்லா உரிமையும் எங்களுக்கே’ என்று நீட்டுகிற தாளைப் பார்த்து மயங்காதே. 1969 முதல் ஐ.பி.ஆர்.எஸ். என்ற சங்கம் இருக்கிறது. எழுதுகிறவர்களும் மெட்டமைப்பவர்களும் உறுப்பினராகலாம். குழுவுக்குள்ளேயே யார் எழுதியது, யார் மெட்டு, யாருக்கு எத்தனை பங்கு என்று ஒரு தாளில் எழுதி எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள். நட்பு கெடும் என்று பயப்படாதே. எழுதாமல் விட்டால்தான் கெடும்.

8. மேடைக்குக் கீழேயும் ஒழுங்காக இரு

2018-ல் மீ டூ அலை எழுந்தபோது ரகு தீட்சித் மீதும் புகார் வந்தது. சொல்லப்பட்டதில் சிலவற்றை மறுத்த அவர், பொதுவில் மன்னிப்பும் கேட்டார். அவர் பாதையை உதாரணமாகக் காட்டுகிற நான் இதை மறைத்தால் அது அறிவுரை ஆகாது. கைதட்டல் உனக்கு எந்த அதிகாரத்தையும் கொடுக்கவில்லை. குழுவில் பாடுகிற பெண் பாடுவதற்காக வந்திருக்கிறாள். கச்சேரி முடிந்தால் அவளைப் பத்திரமாக வீடு சேர்ப்பதும், பேசிய பணத்தை அன்றைக்கே கொடுப்பதும் உன் பொறுப்பு. குடித்துவிட்டு மேடை ஏறாதே.

9. காலம் உன் கையில் இல்லை

கல்கத்தாவில் 1970-களின் நடுவில் கௌதம் சட்டோபாத்யாய் நண்பர்களோடு ‘மொஹினேர் கோராகுலி’ என்ற குழுவைத் தொடங்கினார். பாவுல் என்ற நாட்டுப்புறப் பாட்டும் ராக்கும் கலந்த வங்காளப் பாட்டு. கேட்பதற்கு அப்போது ஆள் குறைவு. 1980-களின் தொடக்கத்தில் கலைந்தார்கள். 1990-களில் புதிய தலைமுறை அந்தப் பாட்டுகளைத் தேடி எடுத்தது. 1999-ல் கௌதம் இறந்தார். 2006-ல் அவர்களின் மெட்டு ஒன்று ‘கேங்ஸ்டர்’ இந்திப் படத்தில் வந்து நாடு முழுக்க ஒலித்தது. இன்று வங்காளத்தில் ராக் பாடுகிறவர்கள் அவர்களைத்தான் முன்னோர் என்கிறார்கள்.

பெயர் வரும், வராமலும் போகும். அது நீ தீர்மானிப்பதல்ல. நீ தீர்மானிக்கக் கூடியது இது: பாட்டு தயாரானதும் யூடியூபில் ஏற்றும் முன், அது யாரைப் பற்றியதோ அவர்கள் முன்னால் பாடு. மண்டியைப் பற்றி எழுதினால் மண்டியில் பாடு. பாட்டியின் ஒப்பாரியை எடுத்தால் பாட்டியின் வாசலில் பாடு. ‘இது எங்க பாட்டு’ என்று அவர்கள் சொன்னால் கடன் அடைந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டால் மறுபடி எழுது, மறுபடி கொண்டுபோ. அவர்கள் ஏற்காத பாட்டுக்கு எத்தனை லட்சம் பேர் லைக் போட்டாலும் அதை நாட்டுப்புறப் பாட்டு என்று சொல்லிக்கொள்ளாதே.