வண்டிக் கூரையில் கூடாரம்: பாரமும் இடமும்

கோவை ஆர்.எஸ்.புரத்திலிருந்து எந்தத் திசையில் வண்டியை எடுத்தாலும் ஏறத்தாழ இரண்டு மணி நேரத்துக்குள் மண்ணும் காற்றும் குளிரும் மாறிவிடுகின்றன. மேற்கே ஆனைகட்டியின் சரிவுகள், வடக்கே மேட்டுப்பாளையம் தாண்டி நீலகிரி, தெற்கே பொள்ளாச்சித் தென்னந்தோப்புகளும் அவற்றுக்கு அப்பால் ஆனைமலையும், கிழக்கே பல்லடம், காங்கேயம் வரை விரியும் மேட்டுநிலம் என்று இத்தனை வகையான நிலம் ஒரே ஊருக்கு எட்டும் தொலைவில் இருப்பதால்தான், கரட்டுப் பாதையில் செல்லும் வண்டிகளின் கூரையில் கூடாரம் பொருத்தும் வழக்கம் இங்கே வேர்பிடித்து வருகிறது. ஆயினும் இக்கூடாரங்களோடு வரும் கையேடுகள் பெரும்பாலும் ஆஸ்திரேலிய, தென்னாப்பிரிக்கத் திறந்தவெளிகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. கொங்கு நாட்டில் அவற்றை அப்படியே பின்பற்ற இயலாது என்பதும், எந்தக் கூடாரம் வாங்கலாம் என்று கேட்பதற்கு முன்பாகவே எங்கே நிறுத்தி உறங்கப்போகிறோம் என்பதைத் தீர்மானித்துவிட வேண்டும் என்பதும் இத்துறையில் பழகியவர்களின் அனுபவம் உறுதியாகச் சொல்லும் செய்தியாகும்.

கூரைக் கூடாரம் என்பது, வண்டியின் கூரைமேல் குறுக்காகப் பொருத்திய கம்பிகளின் மீது நிலையாக முடுக்கப்பட்டு, பயணத்தின்போது மடிந்தும் இரவில் விரிந்தும் இருக்கும் படுக்கை அறையாகும். இத்தாலியில் 1958இல் ஆட்டோஹோம் நிறுவனம் ‘ஏர்-கேம்பிங்’ என்ற பெயரில் இதனை விற்பனைக்குக் கொண்டுவந்தது. துணியால் ஆகி, புத்தகம்போல விரிந்து, தளத்தின் ஒரு பாதி வண்டிக்கு வெளியே நீளும் மென்கூடு வகை ஒன்று. ஃபைபர் அல்லது அலுமினிய மூடி மேலெழும்பி, தளம் வண்டியின் கூரைக்குள்ளேயே அடங்கிவிடும் வன்கூடு வகை மற்றொன்று. முதல் வகையில் ஏணி என்பது ஏறி இறங்குவதற்கு மட்டும் உரியதன்று. வெளியே நீளும் பாதித் தளத்தைத் தாங்கும் காலும் அதுவே. இந்த உண்மையை மனத்தில் இருத்திக்கொள்வது பின்னால் மண்ணைப் பற்றிப் பேசும்போது உதவும்.

கூரையின் தாங்குதிறன் இரண்டு வகைப்படும். வண்டி ஓடும்போது கூரை தாங்கக்கூடிய பாரத்தை இயங்குநிலைப் பாரம் என்றும், நிறுத்திய நிலையில் தாங்கக்கூடியதை நிலைப் பாரம் என்றும் குறிப்பர். ஓட்டத்தில் பிரேக் பிடிக்கும்போதும், வளைவில் திரும்பும்போதும், பள்ளத்தில் இறங்கி ஏறும்போதும் கூரையிலுள்ள எடை தன் அளவைவிடப் பன்மடங்கு விசையைப் பொருத்துமிடங்களில் செலுத்துவதால் முதல் எண் எப்போதும் சிறியதாகவே இருக்கும். வண்டியோடு தரப்படும் கையேட்டில் 100 கிலோ என்று குறிக்கப்பட்டிருப்பதாகக் கொண்டால், குறுக்குக் கம்பிகள் அடங்கிய கேரியர் 25 கிலோ, கூடாரம் 60 கிலோ, உள்ளே மடித்து வைக்கும் போர்வையும் தலையணையும் 10 கிலோ எனக் கூட்டியதும் 95 கிலோ ஆகிவிடுகிறது. தார்ச்சாலைக்கு இது போதும். ஆனால் கரட்டுப் பாதையில் கையேட்டிலுள்ள எண்ணை ஒன்றரையால் வகுத்துக்கொள்ள வேண்டும் என்று கேரியர் தயாரிப்பாளர் சிலர் அறிவுறுத்துவதால், அதே கூரை அங்கே 67 கிலோவுக்கு மேல் சுமக்கத் தகுதியற்றதாகிறது. இரவில் இருவர் ஏறிப் படுக்கும்போது மொத்தம் 235 கிலோவைத் தொட்டாலும், அசைவின்றி நிற்கும் வண்டியின் தூண்கள் அதனைத் தாங்கிக்கொள்கின்றன. ஆகவே அஞ்ச வேண்டியது உறங்கும் நேரத்தை அன்று, ஓட்டும் நேரத்தையே. ஆழியாற்றிலிருந்து வால்பாறைக்கு ஏறும் 40 கொண்டை ஊசி வளைவுகளில், தலைக்கு மேலே ஏற்றிய எடை வண்டியின் ஈர்ப்பு மையத்தை உயர்த்திவிட்டதை ஓட்டுநர் முதல் சில திருப்பங்களிலேயே ஸ்டியரிங் வழியாக உணர்ந்துவிடுவார்.

துணிக் கூரையுடைய ‘தார்’ வண்டியின் கூரையில் நேரடியாக எதனையும் ஏற்ற இயலாது. வண்டியின் உடற்சட்டத்தில் ஊன்றி எழும் தனிக் கூண்டு இருந்தால்தான் அங்கே கூடாரம் சாத்தியம். ஜிம்னி போன்ற பெட்டி வடிவ வண்டிகளில் கூரையோரம் ஓடும் மழைநீர்க் காடியில் கவ்விகளைப் பொருத்தலாம். அவ்வகையிலும் கையேட்டில் உள்ள எண்ணே எல்லையாகும். காடி நீளமாக இருக்கிறது என்பதால் கூரை வலிமையாக இருக்கிறது என்று பொருளாகாது.

பொருத்தும் வேலையில் கோவைக்கு ஒரு வசதி உண்டு. கணபதியிலும் பீளமேட்டிலும் பரவியுள்ள லேத் பட்டறைகளில் எந்த அளவுக்கும் பொருத்துத் தகடும் கவ்வியும் கடைந்து வாங்க முடிகிறது. அந்த எளிமையே சில வேளைகளில் இடராகவும் மாறுவது கவனிக்கத்தக்கது. வெல்டிங் வைத்துக் கூரையோடு நிலையாக ஒட்டிவிடும் யோசனை பட்டறையில் எளிதாக எழும். மோட்டார் வாகனச் சட்டம், 1988இன் 52ஆம் பிரிவு, உற்பத்தியாளர் குறித்த மூல அமைப்பை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதனை வலியுறுத்தியது. கழற்றி எடுக்கக்கூடிய கவ்வியைத் தேர்ந்தெடுத்து, வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுத் தெளிந்து, காப்பீட்டு நிறுவனத்துக்கும் எழுத்தில் தெரிவித்துவிடுவது பிற்காலச் சிக்கல்களைத் தவிர்க்கும்.

கூடாரத்தின் அடியில் நீளவாக்கில் இரண்டு அலுமினியத் தடங்கள் இருக்கும். அவற்றினுள் போல்ட்டின் தலை நுழைந்து நிற்க, குறுக்குக் கம்பிக்குக் கீழே ஒரு தகடு வைத்து நட் முடுக்கப்படும். துருப்பிடிக்காத எஃகு போல்ட்டும் அலுமினியமும் நேரடியாகத் தொட்டுக்கொண்டு மழையில் நனைந்தால் அலுமினியம் அரித்து வெள்ளைப் பொடி பூக்கும் என்பதால், இடையே நைலான் வாஷர் இடுவது நலம். அதிர்வில் தளராமல் இருக்க, உட்புறம் நைலான் வளையமுடைய நைலாக் நட்டுகளே ஏற்றவை. முடுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் கொண்டு கையேட்டில் சொன்ன அளவுக்கு மட்டுமே இறுக்க வேண்டும். கைவலிமையை நம்பி மேலும் ஒரு சுற்று இறுக்குகிறவர் தடத்தின் உதட்டை விரித்துவிடுகிறார். முடித்ததும் ஒவ்வொரு நட்டின் மீதும் கம்பியின் மீதும் தொடர்ச்சியாக ஒரு பெயின்ட் கோடு இழுத்துவைப்பது பட்டறைக்காரர்களின் நல்ல பழக்கம். அந்தக் கோடு முறிந்து தெரிந்தால் நட் சுழன்றிருக்கிறது என்பது ஸ்பானரைத் தொடாமலே புலப்படும். முதல் 50 கிலோமீட்டரிலும், கரட்டுப் பாதை முடிந்த ஒவ்வொரு முறையும் இதனைப் பார்ப்பது கட்டாயம்.

ஆர்.எஸ்.புரத்தின் பழைய வீடுகளில் போர்டிகோவின் கூரைக் கொக்கியில் செயின் பிளாக் தொங்கவிட்டுக் கூடாரத்தை இருவர் ஏற்றி இறக்கலாம். அடுக்ககங்களில் நால்வர் கை வேண்டும். கேரியரும் கூடாரமும் சேர்ந்து வண்டியின் உயரத்தில் ஏறக்குறைய 40 சென்டிமீட்டர் கூட்டுவதால், அடித்தள வாகன நிறுத்தத்தின் உத்தரத்தையும் தீயணைப்புக் குழாயையும் முதலில் அளக்க வேண்டும். புதிய உயரத்தை எழுதி ஓட்டுநரின் கண்ணில் படுமாறு ஒட்டிவைப்பது சிறு செயலே ஆனாலும் பெருஞ்செலவைத் தடுக்கிறது.

நிறுத்தும் இடத்தைப் பொறுத்தவரை, பல்லடம், உடுமலைப் பக்கத்துக் கரிசல் மண் காய்ந்த நாளில் கல்போல இருந்து, ஒரு மழை பெய்ததும் கால் வைத்த இடமெல்லாம் உள்வாங்கும் இயல்புடையது. மென்கூடு வகையில் ஏணியே தாங்குகால் என்பதால், அதன் அடி இரவோடு இரவாக மூன்று விரல் அளவு புதைந்தால் வெளிப்பாதித் தளம் அந்தப் பக்கம் சரிந்து, கீல்கள் முறுக்கேறி, விடியலில் கூடாரம் மடியாமல் முரண்டு பிடிக்கும். ஏணியின் இரு கால்களுக்கும் அடியில் ஓரடி அகலப் பலகை இடுவதும், கொத்தனார் பயன்படுத்தும் ரசமட்டத்தைத் தளத்தின்மேல் வைத்துச் சாய்வைப் பார்த்து, தாழ்ந்த பக்கச் சக்கரத்தைக் கல்லின்மேல் ஏற்றுவதும் இதற்குரிய தீர்வுகள். காங்கேயத்தைச் சூழ்ந்த கொறங்காடுகள், அதாவது கிளுவை வேலி சூழ்ந்து, கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரங்களும் நிற்கும் மேய்ச்சல் நிலங்கள், தட்டையான தரையும் திறந்த வானமும் தருவதால் மிகச் சிறந்தவை. அங்கே உதிர்ந்து கிடக்கும் வேல முள் டயரைத் துளைக்கும் என்பதால் பஞ்சர் ஒட்டும் சாமானும் காற்றடிக்கும் கருவியும் உடன் இருத்தல் வேண்டும். உரிமையாளரின் இசைவோடு நுழைந்தாலும், படலைத் திறந்தவரே சாத்த வேண்டும். மாடுகள் வெளியேறி அயலார் வெள்ளாமையில் விழுந்தால் அடுத்த முறை எவருக்கும் அந்தப் படல் திறக்காது.

பொள்ளாச்சித் தோப்பின் நிழல் அழைத்தாலும் தென்னையின் நேர்கீழே நிறுத்தக்கூடாது. நெற்றும் பழுத்த மட்டையும் விழுந்தால் கூடாரத் துணி மட்டுமன்றி உள்ளே இருப்பவரும் காயப்படுவர். கண்ணுக்கு எளிதில் தெரியாத இன்னொரு தொல்லையும் உண்டு. 2016இல் இப்பகுதியில் முதன்முதலாகக் கண்டறியப்பட்ட சுருள் வெள்ளை ஈ, ஓலையின் அடிப்பக்கத்தில் அமர்ந்து சாற்றை உறிஞ்சிப் பிசுபிசுப்பான தேன்கசிவைச் சொட்டுகிறது. அதன்மேல் கரும்பூசணம் படர்கிறது. ஓர் இரவு அதன் கீழே விரித்த வெளிர்நிறத் துணியில் காலையில் ஒட்டும் பொட்டுகள் தெரியும். அன்றே ஈரத் துணியால் துடைக்காவிட்டால் சில நாட்களில் அவை கரும்புள்ளிகளாக ஊறிவிடும். வரிசைகளுக்கு இடைப்பட்ட வண்டிப் பாதையில், மட்டை எட்டாத இடத்தில் நிறுத்துவதே தக்கது.

தென்மேற்குப் பருவத்தில் பாலக்காட்டுக் கணவாய் வழியே பாயும் காற்று வேறொரு பாடம். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்ற சொல்லைக் கிணத்துக்கடவிலும் உடுமலையிலும் கூடாரம் விரித்தவர்கள் மிகையாகக் கருதமாட்டார்கள். காற்றாலைகள் நிற்கும் நிலமெல்லாம் அக்காலத்தில் கூடாரத்துக்கு ஆகாத நிலம் என்று கொள்வது பாதுகாப்பானது. தவிர்க்க இயலாதபோது வண்டியின் முகத்தை மேற்கே திருப்பி, வாயில் கிழக்கே இருக்குமாறு விரித்து, மேல்விரிப்பின் கயிறுகளை நான்கு சக்கரங்களிலும் கட்ட வேண்டும்.

இனி வனம். கூரைக் கூடாரத்தின் விளம்பரங்கள் அதனை விலங்குகளிடமிருந்து விலகிய உயரமான பாதுகாப்பு என்று காட்டுகின்றன. அந்தக் காட்சி கொங்கு நாட்டுக்குப் பொருந்தாது. இதனை எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் தகும். இங்கே முதன்மையான விலங்கு யானை. வளர்ந்த ஆண் யானையின் தோளுயரம் 2.7 மீட்டர் அளவை எட்டும். கூடாரத் தளமோ இரண்டு மீட்டரை ஒட்டியே இருக்கிறது. தும்பிக்கையை உயர்த்தினால் கூடாரத்தின் உச்சியும் அதற்கு எட்டும். அதற்கும் மேலாக, விரித்த கூடாரத்தோடு வண்டியை நகர்த்த முடியாது. தரையில் கூடாரம் அடித்தவர் வண்டிக்குள் ஓடி ஏறிப் புறப்பட்டுவிடலாம். கூரையில் இருப்பவர் இறங்கி, ஏணியை மடித்து, துணியைச் சுருட்டிய பிறகே வண்டி அசையும். தப்பிக்க உதவ வேண்டிய வண்டியே கட்டிப்போடப்பட்ட நிலையில் இருக்கிறது. தடாகம் பள்ளத்தாக்கிலும் ஆனைகட்டிச் சாலையிலும் மருதமலை அடிவாரத்திலும் யானை நடமாட்டம் அன்றாடச் செய்தி என்பதால், காட்டோரப் புறம்போக்கில் நிறுத்தி உறங்குவது துணிச்சலில் சேராது. அது யானையின் வழியை மறிக்கும் செயல்.

சட்டமும் இதே பக்கமே நிற்கிறது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972இன்படி சரணாலயத்துக்குள் அனுமதியின்றி நுழைவதே குற்றமாகும். ஆனைமலை, முதுமலை, சத்தியமங்கலம் ஆகிய மூன்று புலிகள் காப்பகங்களும் கோவையைச் சுற்றியே அமைந்துள்ளன. சத்தியமங்கலம் வனத்தின் திம்பம் மலைப்பாதையில் 2022 முதல் உயர் நீதிமன்ற ஆணையால் இரவுப் போக்குவரத்துக்குத் தடை இருப்பதால், தாமதமாகப் புறப்பட்டு வழியில் எங்கேனும் தங்கிக்கொள்ளலாம் என்ற திட்டம் தொடக்கத்திலேயே தவறு. நீலகிரிக்கு 2024 மே மாதம் முதல் இ-பாஸ் பெற்றே செல்ல வேண்டும்.

ஆகவே இங்கே கூரைக் கூடாரத்துக்கு உரிய இடம், உரிமையாளரிடம் கேட்டுப் பெற்ற தோட்டமும் எஸ்டேட் வளாகமுமே. வால்பாறையில் அரிசிக்கும் உப்புக்கும் யானைகள் ரேஷன் கடைக் கதவுகளை உடைத்த நிகழ்வுகள் பல. யானை இருக்கும் இடத்தைக் குறுஞ்செய்தியாலும் சிவப்பு விளக்குகளாலும் மக்களுக்கு அறிவிக்கும் ஏற்பாட்டை இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளை அங்கே உருவாக்கியிருக்கிறது. அங்கே தங்குவோர் எஸ்டேட் தொழிலாளர்களிடம் அன்றைய நிலையைக் கேட்டறிந்து, அரிசி, வெல்லம், பழம் ஆகியவற்றைக் கூடாரத்துக்குள் வைக்காமல் கட்டடத்துக்குள் வைத்துவிட வேண்டும். கோத்தகிரிப் பக்கம் கரடிகளுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். ஊர்க்காரர் வேண்டாம் என்று சொன்ன இடத்தில் ஒருபோதும் விரிக்கக் கூடாது.

குளிரைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். கோவை கடல்மட்டத்திலிருந்து 411 மீட்டரிலும் உதகை 2,240 மீட்டரிலும் இருப்பதாலும், ஆயிரம் மீட்டருக்குச் சுமார் 6.5 டிகிரி வீதம் வெப்பம் குறைவதாலும், ஆர்.எஸ்.புரத்தில் போர்வை தேவைப்படாத மார்கழி இரவில் அங்கே பன்னிரண்டு டிகிரி குறைவாக இருக்கும். உதகையை அடுத்த தலைகுந்தாவில் உறைபனியே படியும். குளிருக்கு அஞ்சி எல்லாச் சாளரங்களையும் அடைத்தால் இருவரின் மூச்சிலுள்ள ஈரம் துணியில் துளிகளாகத் திரண்டு மெத்தையில் இறங்குகிறது. எதிரெதிரே இரண்டு சாளரங்களை நான்கு விரல் திறந்து, மெத்தைக்கு அடியில் காற்றுப் புகும் வலைப்பாயை விரிப்பது இதனைப் பெரும்பாலும் தடுக்கும். கரி அடுப்பையோ கேஸ் அடுப்பையோ உள்ளே ஏற்றிக் குளிர்காய்வது கார்பன் மோனாக்சைடு நச்சால் உயிர்போகக் காரணமாகும் என்பதால் அறவே கூடாது.

ஈரத்தோடு மடித்துக் கொண்டுவந்த கூடாரத்தை வீடு சேர்ந்த அன்றோ மறுநாளோ விரித்து உலர்த்தாவிட்டால் பூஞ்சை பிடித்துவிடும். ஒருமுறை பிடித்த நாற்றம் எளிதில் போகாது. வண்டி நிறுத்துமிடத்தில் விரிக்க இடமில்லாத அடுக்கக வாசிகள் மெத்தையையும் மேல்விரிப்பையும் மொட்டை மாடியில் காயவைத்து, கூடாரத்தை ஞாயிறு காலையில் ஏதேனும் திறந்த இடத்தில் ஒரு மணி நேரம் விரித்து வெயில் காட்டுகிறார்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் அந்த வெயிலும் கிடைக்காது என்பதால், வடகிழக்குப் பருவம் தொடங்குவதற்குள் கூடாரத்தை இறக்கி வைத்துவிட்டு, தை பிறந்தபின் புதிய நைலாக் நட்டுகளோடு மீண்டும் ஏற்றுவது பலரும் கைக்கொள்ளும் முறையாக இருக்கிறது.