பாண் ஓட்டோவும் நீலாம்பரியும்

அன்புள்ள மருமகளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. முன்பள்ளி வேலை பிடித்துக்கொண்டது என்று எழுதியிருந்தாய், சந்தோசம். பிள்ளைகள் காலமை வந்து சேரும் நேரம், விளையாட்டுச் சாமான் ஒதுக்கும் நேரம், சாப்பாடு, மத்தியானம் நிற்கிற சின்னதுகளின் நித்திரை என்று ஒவ்வொரு வேளைக்கும் என்ன சாஸ்திரிய சங்கீதம் போடலாம் என்று பட்டியல் கேட்டிருக்கிறாய். மொசார்ட் கேட்டால் மூளை வளருமாம் என்று ஒரு தாய் பென்ட்ரைவில் ஏற்றித் தந்ததையும் எழுதியிருக்கிறாய். பட்டியல் தருகிறேன், ஆனால் நீ எதிர்பார்க்கிற அளவு நீளமாக இருக்காது.

ஐரோப்பியச் சங்கீதம் வாழைச்சேனைப் பிள்ளைகளுக்குப் புதிது என்று நினைக்காதே. பின்னேரம் ஒழுங்கைக்குள் வருகிற பாண் ஓட்டோ என்ன மெட்டைப் போட்டுக்கொண்டு வருகிறது? இலங்கை முழுக்க, பெரும்பாலும் பேத்தோவன் 1810இல் எழுதிய ‘ஃபியூர் எலீஸ்’. அவர் உயிரோடு இருந்தபோது அது அச்சேறவே இல்லை. 1827இல் அவர் மறைந்து நாற்பது வருடம் கழித்து, 1867இல்தான் வெளிவந்தது. பியானோவுக்கென்று எழுதிய அந்தத் துண்டு இன்றைக்குக் கறுவாக்கேணியில் மாலுபாணும் பணிசும் விற்கிறது. தாய்வானில் அதே மெட்டைப் போட்டுக்கொண்டு குப்பை வண்டி வரும். அங்கத்தைப் பிள்ளை அதைக் கேட்டால் குப்பைப் பையைத்தான் நினைக்கும். எங்கட பிள்ளைக்கு வாய் ஊறும். இன்னும் பேச்சுத் திருந்தாத பிள்ளைகூட முதல் இரண்டு சுரம் காதில் விழுந்தவுடனே படலையடிக்கு ஓடுகிறது. யாரும் அதற்கு ரசனை படிப்பிக்கவில்லை. ஒரே மெட்டு, ஏறக்குறைய ஒரே நேரம், பின்னால் ஒவ்வொரு முறையும் ஒரே காரியம். நாளாந்த ஒழுங்குக்குப் பாட்டுத் தெரிவு செய்கிறவர்கள் முதலில் பிடிக்க வேண்டிய விசயம் இதுதான். ராகம் எது என்பது அதற்குப் பிறகு வருகிற கேள்வி.

மொசார்ட் கதையை அந்தத் தாயிடம் பக்குவமாகச் சொல்லு. 1993இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகத்தில் செய்த ஓர் ஆய்வு ‘நேச்சர்’ சஞ்சிகையில் வந்தது. அதில் இருந்தது 36 பல்கலைக்கழக மாணவர்கள். குழந்தை ஒன்றுகூட இல்லை. மொசார்ட் இரண்டு பியானோவுக்கு எழுதிய ஒரு சொனாட்டாவைப் பத்து நிமிடம் கேட்டவர்கள், கடதாசியை மடித்து வெட்டினால் என்ன உருவம் வரும் என்ற மாதிரியான கணக்குகளைச் சற்று நன்றாகச் செய்தார்கள். அந்தப் பலனும் பத்துப் பதினைந்து நிமிடத்தில் போய்விட்டது. ஐந்து வருடத்துக்குள் கதை வளர்ந்து, அமெரிக்காவின் ஜோர்ஜியா மாநில ஆளுநர் பிறக்கிற பிள்ளை ஒவ்வொன்றுக்கும் ஓர் இசைத்தட்டுக் கொடுக்க 1,05,000 டொலர் கேட்டார். 1999இல் அதே சஞ்சிகையில் வந்த மறுப்புகளைக் காற்றில் விட்டுவிட்டார்கள். அந்த வருடமே இன்னோர் ஆய்வில், மொசார்ட்டுக்குப் பதிலாக ஸ்டீபன் கிங் எழுதிய கதை ஒன்றை வாசித்துக் காட்டினார்கள். கதை பிடித்தவர்கள் கதைக்குப் பிறகு நன்றாகச் செய்தார்கள், மொசார்ட் பிடித்தவர்கள் மொசார்ட்டுக்குப் பிறகு. மனம் உற்சாகமாக இருந்தால் வேலை ஓடும் என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை.

அதற்காகப் பென்ட்ரைவைத் திருப்பிக் கொடுத்துவிடாதே. மொசார்ட் நல்ல சங்கீதம், அது போதாதா? உன் பிள்ளைகளுக்கு ‘ட்விங்கிள் ட்விங்கிள்’ மெட்டுத் தெரியும். அது பழைய பிரெஞ்சு மெட்டு. மொசார்ட் அதை எடுத்துப் பன்னிரண்டு விதமாக மாற்றி வாசிக்க ஒரு பியானோத் துண்டு எழுதியிருக்கிறார். பிள்ளைகள் படம் கீறும் நேரத்தில் மெல்லிய சத்தத்தில் போடு. தெரிந்த மெட்டு ஓடி ஒளிந்து திரும்பி வருவதை நாலு வயதுப் பிள்ளை கண்டுபிடித்துச் சிரிக்கும்.

இனி எங்கட பக்கம். தேவாரப் பண்களைப் பகற்பண், இராப்பண், பொதுப்பண் என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். வேளைக்கு ஏற்ற இசை என்று நீ கேட்டது, எங்கள் கோயில்களில் எப்போதோ வகுத்து வைத்த காரியம். புறநீர்மை பகற்பண், இன்றைய பூபாளம் என்பார்கள். மேகராகக்குறிஞ்சி இராப்பண், அதுதான் நீலாம்பரி. கொல்லி இராப்பண், அது நவரோஜ். காரைதீவில் 1892இல் பிறந்த எங்கள் விபுலாநந்த அடிகள் ‘யாழ்நூ’லில் தேவாரவியல் என்று ஓர் இயலே வைத்திருக்கிறார். 1947 யூனில் அந்நூல் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது, யூலையில் அடிகள் மறைந்தார். கல்லடி உப்போடைப் பக்கம் போகும்போது சமாதியடியில் ஒருமுறை இறங்கிவிட்டு வா. சங்கீதம் படிப்பிக்கிற யாரும் போகவேண்டிய இடம்.

ஆனால் ஒன்று. பூபாளத்தை இரவில் கேட்டால் பிள்ளைக்கு நித்திரை கெடும், நீலாம்பரியைக் காலமை கேட்டால் சோம்பல் வரும் என்று பயப்படாதே. இந்த நேரக் கணக்கு கேட்டுப் பழகிய பெரியவர்களின் மனதில் இருக்கிறது. பிள்ளைக்கு அது நாளடைவில் உண்டாகும், பாண் ஓட்டோ மெட்டு உண்டானது போல. வீட்டிலும் கோயிலிலும் அதே ஒழுங்கு நடப்பதால் நீயும் அதையே பிடித்துக்கொண்டால் உன் வேலை சுலபம், அவ்வளவுதான்.

காலமைக்குப் பூபாளத்தை நான் சொல்லமாட்டேன். அதன் சிறிய ரிஷபமும் சிறிய தைவதமும் உன் குரலுக்கே சிரமம், பிள்ளைகள் கூடப் பாடவே முடியாது. மோகனத்தை எடு. ஐந்தே சுரம், எங்கே காலை வைத்தாலும் பிசகாது. ஜேர்மனியில் கார்ல் ஓர்ஃப் சின்னப் பிள்ளைகளுக்கான தன் முறையில் ஐந்து சுர வரிசையைத்தான் முதலில் வைத்தார், காரணம் இதுவேதான். மோகனத்தில் நாலு வரிக்கு மிஞ்சாத எளிய பாட்டு ஒன்று, பிள்ளைகள் செருப்பைக் கழற்றி வைக்கும்போது நீ பாடத் தொடங்கவேண்டும். எல்லோரும் வட்டமாக இருந்து முடிக்கும்போது பாட்டு முடியவேண்டும். பிந்தி வருகிற பிள்ளை படலையில் நின்றே பாட்டு எங்கே நிற்கிறது என்று கேட்டு, ஓடவேண்டுமா நடக்கவேண்டுமா என்று கணக்குப் போடும். மணியடித்து இந்தக் காரியத்தைச் செய்ய முடியாது.

சாமான் ஒதுக்க முத்துசுவாமி தீட்சிதரின் நொட்டுஸ்வரங்கள். தீட்சிதர் (1775–1835) சென்னைக்குப் பக்கத்தில் மணலியில் இருந்தபோது ஆங்கிலேயரின் பாண்டு வாத்தியத்தைக் கேட்டு, அந்த மெட்டுகளுக்குச் சமஸ்கிருத வரிகள் போட்டார். அந்த நாள் பிரித்தானிய அரச கீதத்தின் மெட்டு ‘சந்ததம் பாஹிமாம்’ ஆனது. சங்கராபரணத்தின் சுரங்கள், கமகம் இல்லை, நேரான தாளம். கையில் கட்டையைத் தூக்கிக்கொண்டு நடக்க அதைவிட வடிவான சங்கீதம் கிடையாது. பதிவைப் போட்டாலும் சரி, வரியை விட்டுவிட்டு ‘லல்லா’ என்று பாடினாலும் சரி.

விளையாட்டு நேரத்துக்கு ஸ்பீக்கரை நிறுத்திவிட்டுக் கூத்துக்காரரைத் தேடு. பேராசிரியர் வித்தியானந்தன் பேராதனையில் கூத்தை மேடையேற்றிய 1960கள் தொட்டு, கூத்துச் சாஸ்திரியக் கலையா நாட்டார் கலையா என்று பேசிக்கொண்டுதான் இருக்கிறார்கள். மூன்று வயதுப் பிள்ளைக்கு அந்த வழக்கில் அக்கறை இல்லை. வசந்தன் ஆட்டத்துக் கோலடி, மத்தளத்துத் தாளக்கட்டு, சல்லரியின் சத்தம் எல்லாம் கால் தானாக எழும்பும் சாமான்கள். பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்களுக்கு இது தெரிந்திருக்கிறது. ஐந்தாம் மாதம் செங்கீரை, ஒன்பதாம் மாதம் கை கொட்டும் சப்பாணி, வளர்ந்த பிறகு சிறுபறை என்று உடம்பின் வளர்ச்சியைப் பார்த்தே பருவம் வகுத்தார்கள். உன் பிள்ளைகளின் வயது பறை தட்டுகிற வயது. பழைய பால்மாத் தகரமும் இரண்டு குச்சியும் போதும்.

சாப்பாட்டு நேரத்துக்கு ஒன்றும் போடாதே. அது கதைக்கிற நேரம். வீட்டில் போனைக் காட்டித்தான் தீத்துகிறார்கள் என்று நீயே எழுதியிருக்கிறாய். முன்பள்ளியிலும் ஏதாவது ஓடிக்கொண்டிருந்தால் வாய்க்கு ருசியும் தெரியாது, காதுக்குப் பாட்டும் தெரியாது.

நித்திரைக்கு நீயே பாடவேண்டும். நவரோஜையும் நீலாம்பரியையும் நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. நவரோஜ் கீழ்ப் பஞ்சமத்துக்கும் நடுப் பஞ்சமத்துக்கும் இடையில் அடங்கிவிடும், மேல்ஸ்தாயிப் பக்கமே போகாது. சங்கீதம் படிக்காத தாய்மார் தலைமுறை தலைமுறையாகத் தாலாட்டுப் பாடியதும் இப்படி ஒரு சின்ன எல்லைக்குள்தான். நீலாம்பரி கொஞ்சம் நெளிந்து நெளிந்து போகும், நீ கற்றவள், உனக்கு வரும். பாய்களுக்கு நடுவில் நிலத்தில் இருந்து பாடு, நின்றுகொண்டு பாடாதே. நீ கதைக்கிற குரலுக்குச் சற்றுக் கீழே சுருதியைப் பிடி. முதல் இரண்டு சுற்றுச் சொல்லோடு, அடுத்தது ‘ஆராரோ’ மட்டும், அதற்குப் பிறகு வாயை மூடிக்கொண்டு வெறும் முனகல். முதுகில் தட்டுகிற கை பாட்டின் காலத்தோடு போகவேண்டும்; பாட்டை விளம்பத்தில் பாடிக்கொண்டு கையால் துரிதத்தில் தட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், பிள்ளை கண்ணைத் திறந்து அவர்களைப் பார்க்கும். எல்லோரும் கண் மூடினவுடன் நிறுத்திவிடாமல் இன்னும் ஒரு சுற்று முனகி, அந்தரத்தில் விடாமல் சட்ஜத்தில் கொண்டுவந்து விடு.

என் குரல் நல்லா இல்லை என்று சொல்லாதே. கனடாவில் மொன்றியாலில் 2015இல் வெளியான ஆய்வு ஒன்றில், ஒரு வயது நிரம்பாத குழந்தைகளுக்குத் தெரியாத துருக்கி மொழிப் பாட்டைக் கேட்பித்தபோது அவர்கள் சிணுங்காமல் ஏறக்குறைய ஒன்பது நிமிடம் இருந்தார்கள். பேச்சை மட்டும் கேட்டவர்கள் அதில் பாதி நேரம்தான். பாஷை தெரியாதது அங்கே தடையாகவில்லை, பாடியதுதான் எடுபட்டது.

உனக்குத் தொண்டை கட்டின நாளில் பதிவைப் போடலாம். அப்போது ஸ்பீக்கரைப் பாயடியில் வைக்காதே. ரொறன்ரோ ஆய்வாளர்கள் 2014இல் குழந்தைகளை நித்திரையாக்கும் ஒலிக்கருவிகள் பதினான்கைச் சோதித்தார்கள். ஒரு முழத்துக்கும் குறைவான, 30 சென்ரிமீற்றர் தூரத்தில் எல்லாமே 50 டெசிபலுக்கு மேலே போயின, சில 85ஐயும் தாண்டின. தலைமாட்டிலிருந்து இரண்டு மீற்றராவது தள்ளி வை, சத்தத்தைக் குறைத்து வை, நித்திரையானதும் நிறுத்து. அறையின் மறுமூலையில் நீ சாதாரணமாகக் கதைத்தால் பாட்டைவிட உன் கதை உரத்துக் கேட்கவேண்டும்.

பாலத்துக்கு அந்தப் பக்கம் ஓட்டமாவடிப் பிள்ளைகளும், தேவாலயத்துக்குப் போகிற வீட்டுப் பிள்ளைகளும் உன்னிடம் இருப்பார்கள். கீர்த்தனையின் வரி ஒரு சாமியைப் பற்றியது. மெட்டை மட்டும் எடுத்து, மழை, படகு, ரயில் என்று உன் சொல்லைப் போட்டுப் பாடு. வாத்தியம் ஆகாது என்கிற வீடும் இருக்கும், அங்கே குரலும் கைத்தட்டும் போதும். அதையும் வேண்டாம் என்றால் அந்தப் பிள்ளையைச் சங்கடப்படுத்தாதே, சாமான் கூடையை அதன் கையில் கொடு.

இன்னொரு தொல்லை வரும். பாடுகிறார்கள் என்று கண்டவுடன் சரளி வரிசை தொடங்குவோமா, வட இலங்கைச் சங்கீத சபைப் பரீட்சைக்கு விடுவோமா என்று பெற்றோர் கேட்பார்கள். புரந்தரதாசர் மாயாமாளவகௌளையில் வகுத்த பாடங்கள் காலத்தால் நின்றவைதான், ஆனால் அவை ஒரு இடத்தில் அடங்கி இருந்து படிக்கிற வயதுக்கு உரியவை. ஜப்பானில் சுசுகி (1898–1998) வயலின் படிப்பிக்க ‘தாய்மொழி முறை’ என்று ஒன்றைக் கொண்டுவந்தார். பிள்ளை பேசமுன் எத்தனை மாதம் கேட்டுக்கொண்டே கிடக்கிறது, சங்கீதத்துக்கும் அந்தக் காலத்தைக் கொடுங்கள் என்பதுதான் அவருடைய நியாயம். நீ கொடுப்பது அந்தக் கேட்கிற காலத்தை. பெற்றோரிடம் இதைச் சொல்லு, சொல்லக் கூச்சமாக இருந்தால் மாமி சொன்னா என்று சொல்லு.

அடுத்த தவணைக்கு இரண்டே பாட்டோடு தொடங்கு, காலமைக்கு மோகனம், நித்திரைக்கு நீலாம்பரி. உனக்குச் சலித்துப்போகும், இரண்டாம் கிழமையே புதிதாக ஏதாவது போடத் தோன்றும். மாற்றாதே. பிள்ளைக்குச் சலிக்காது, அது இப்போதுதான் அடுத்த வரி என்னவென்று முந்திக்கொண்டு சொல்லத் தொடங்கியிருக்கும். தவணை முடிந்த பிறகு நொட்டுஸ்வரத்தையும் கோலடியையும் சேர்க்கலாம்.

அதற்கிடையில் எனக்காக ஒரு வேலை செய். பிள்ளையை விடவருகிற அம்மாமார், உம்மாமார், அம்மம்மாமார் ஒவ்வொருவரிடமும் ஏணையில் போட்டு ஆட்டும்போது என்ன பாடினீர்கள் என்று கேள். வெட்கப்படுவார்கள், இரண்டு வரியாவது பாடுவார்கள். பேத்தாழை, கல்குடா, ஓட்டமாவடி என்று எந்த ஊர்ப் பாட்டு என்பதையும் குறித்துப் போனில் பதிந்து அனுப்பு. மெட்டைச் சுரப்படுத்தி நான் எழுதித் தருகிறேன்.

அன்புடன்,
மாமி