சமூக அரங்கக் கல்வியில் பயிற்றுக் கலைஞர்களின் பின்புலம்: காந்திகிராமம், புஞ்சரசந்தாங்கல், யாழ்ப்பாணம் – கிளாவரையை முன்வைத்து ஓர் ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

நாடகத்தைக் கற்பிக்கும் கலைஞர் எத்தகைய வாழ்விலிருந்து வந்தவர் என்பது, அவர் நடத்தும் பயிற்சியின் கால அளவையும் பாடத்தையும் மாணவரோடு கொள்ளும் உறவையும் உருவாக்குகிறது என்பது இக்கட்டுரையின் கருதுகோள். 1977இல் காந்திகிராமத்தில் நடைபெற்ற நாடகப் பயிற்சிப் பட்டறை, கட்டைக்கூத்துக் குருகுலம், யாழ்ப்பாணத்து நாடக அரங்கக் கல்லூரி ஆகியன சான்றுகளாகக் கொள்ளப்படுகின்றன. பள்ளி ஆசிரியர், ஆய்வாளர், பரம்பரைக் கலைஞர் என்னும் மூவகைப் பின்புலங்கள் இனங்காணப்பட்டு, பழனி மலையின் மேற்கு விளிம்பிலுள்ள கிளாவரை போன்ற ஊரில் அரங்கக் கல்வியைத் தொடங்குவதாயின் பயிற்றுநர் தேர்வு எவ்வாறு அமையவேண்டும் என்பது முன்வைக்கப்படுகிறது.

திறவுச்சொற்கள்: பயிற்றுக் கலைஞர், சமூக அரங்கு, காந்திகிராமம், கட்டைக்கூத்து, அண்ணாவியார், கிளாவரை.

முன்னுரை

தமிழ் நாடக வரலாறு பெரும்பாலும் பிரதிகளின் வரலாறாகவோ குழுக்களின் வரலாறாகவோ எழுதப்பட்டுள்ளது. யார் எழுதினார், யார் இயக்கினார், யார் நடித்தார் என்னும் வினாக்களுக்கு அவ்வரலாற்றில் விடை கிடைக்கிறது. யார் கற்பித்தார் என்னும் வினாவுக்கு அத்துணை எளிதில் விடை கிடைப்பதில்லை. தாம் மேடையேறுவதோடு நில்லாது பள்ளியிலும் ஊர்ப்பொதுவிலும் பிறருக்கு அரங்கக் கலையைக் கற்பிப்பவரை இக்கட்டுரை ‘பயிற்றுக் கலைஞர்’ எனக் குறிக்கிறது. அவரது பிறப்பு, கல்வி, தொழில், கலை கற்ற முறை ஆகியவற்றின் தொகுதியே இங்குப் ‘பின்புலம்’ எனப்படுகிறது.

கற்பித்தல் தகுதி: மரபின் அளவுகோல்

பயிற்றுநரின் தகுதியைப் பற்றிய சிந்தனை தமிழுக்குப் புதிதன்று. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை, மாதவியின் ஆடலைக் கூறுமுன் ஆடலாசிரியன், இசையாசிரியன், கவிஞன், தண்ணுமையாசிரியன், குழலாசிரியன், யாழாசிரியன் ஆகியோரின் அமைதியைத் தனித்தனியே வரையறுக்கிறது. அவ்வரையறைகள் அனைத்தும் அவரவர் அறிந்திருக்கவேண்டிய கலைநுட்பங்களைப் பேசுகின்றன. ஒரு மாணவியை அரங்கேற்றப் பல்துறை ஆசிரியர் குழு தேவை என்பதும், அதற்கு ஏழாண்டுப் பயிற்சி வேண்டும் என்பதும் அக்காதையிலிருந்து பெறப்படும் இரு செய்திகள்.

பிற்காலக் கூத்து மரபும் இதனையொட்டியே ஆசிரியரை அடையாளங்கண்டது. வட தமிழகத்துக் கூத்தில் ஆட்டமும் பாட்டும் சொல்லித்தருபவர் ‘வாத்தியார்’ எனப்பட்டார். மட்டக்களப்பிலும் யாழ்ப்பாணத்திலும் அவர் ‘அண்ணாவியார்’. இவ்விரு பெயர்களும் ஊர் வழங்கியவை. ஊரார் முன்னிலையில் களரியில் மெய்ப்பிக்கப்பட்ட தகுதிக்கு உரியவை. சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) உப்பளத்தில் கணக்கராகப் பணியாற்றி, பின்னர் நாடக ஆசிரியரானவர். 1918இல் மதுரையில் அவர் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பாலசபை சிறுவர்களைக் கொண்டு இயங்கிய நாடக சபை. அதில் பயின்ற டி.கே.எஸ். சகோதரர்கள் பின்னாளில் தமிழ் நாடகத்தின் திசையையே மாற்றினர். இங்கும் ஆசிரியரின் தகுதிச் சான்று அவர் உருவாக்கிய மாணவரே.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அரங்கக் கல்வி பல்கலைக்கழகத்துக்குள் நுழைந்தபோது தகுதியின் அளவுகோல் பட்டமாக மாறியது. இம்மாற்றம் எதனைத் தந்தது, எதனை விலக்கியது என்பதைக் காந்திகிராமத்திலிருந்து தொடங்கிக் காணலாம்.

காந்திகிராமம்: பள்ளி ஆசிரியரின் அரங்கு

டி.எஸ். சௌந்தரம், ஜி. இராமச்சந்திரன் ஆகியோரால் 1947இல் நிறுவப்பட்ட காந்திகிராமம், திண்டுக்கல்–மதுரைச் சாலையில் சிறுமலையின் அடிவாரத்தில் அமைந்தது. கைத்தொழிலையும் ஊர்வாழ்வையும் கல்வியோடு இணைக்கும் ஆதாரக் கல்வியே அதன் அடிப்படை. 1956இல் கிராமியக் கல்வி நிறுவனமும் அங்குத் தோன்றியது. 1976இல் அது நிகர்நிலைப் பல்கலைக்கழகமாயிற்று.

நாங்குநேரியில் 1935இல் பிறந்த சே. இராமானுஜம் இச்சூழலில் உருவான ஆசிரியர். மலையாள நாடகாசிரியர் ஜி. சங்கரப்பிள்ளையுடன் அவருக்கு நட்பு ஏற்பட்ட இடமும் இதுவே. பின்னர்த் தில்லி தேசிய நாடகப் பள்ளியில் இப்ராகிம் அல்காசியிடம் பயின்று திரும்பிய இராமானுஜம், முதலில் ஆசிரியர், பின்னர் நாடகக் கலைஞர் என்னும் வரிசையில் வளர்ந்தவர். இவ்வரிசை கருதத்தக்கது. வகுப்பறையில் குழந்தைகளோடு பழகிய அனுபவம் அவரது பயிற்சி முறைக்கு முந்தியது. குழந்தைகள் அரங்கில் அவர் இறுதிவரை காட்டிய ஈடுபாட்டுக்கு இதுவே வேர் எனலாம்.

1977இல் தேசிய நாடகப் பள்ளி காந்திகிராமத்தில் 70 நாள் பயிற்சிப் பட்டறையை நடத்தியது. இராமானுஜம் அதில் பயிற்றுநராக விளங்கினார். தமிழ் நவீன நாடகத்தின் தொடக்கப் புள்ளிகளுள் ஒன்றாக அப்பட்டறை இன்றும் மதிப்பிடப்படுகிறது. பங்குபெற்றோருள் ஒருவரான மு. இராமசாமி 1978இல் மதுரையில் நிஜ நாடக இயக்கத்தைத் தோற்றுவித்தார். ஒரு பட்டறையின் மாணவர் மறு ஆண்டே பிறருக்குக் கற்பிக்கும் களத்தை உருவாக்கினார் என்பது அப்பட்டறையின் விளைவை அளக்கப் போதுமான சான்று.

ஆயினும் 70 நாள் என்னும் அளவை அரங்கேற்று காதையின் ஏழாண்டோடு ஒப்பிடுக. குறுகிய காலத்தில் பட்டறை தரக்கூடியவை மூன்று: உடலைப் பற்றிய விழிப்பு, குழுவாக இயங்கும் பழக்கம், நாடகத்தைப் புதிதாகக் காணும் கண். பாட்டும் அடவும் உடலில் ஊறுவதற்கு அக்காலம் போதாது. இவ்விடைவெளியை நிரப்பவே பட்டறை வழி வந்தோர் கூத்துக் கலைஞரை நாடிச் சென்றனர்.

பட்டறையும் பரம்பரையும்

1977இல் சென்னையில் ந. முத்துசாமி முதலியோர் தோற்றுவித்த கூத்துப்பட்டறையின் பெயரிலேயே இவ்விரு உலகங்களும் இணைந்துள்ளன. சிறுகதையாசிரியராக அறியப்பட்டிருந்த முத்துசாமி புரிசைக் கூத்தைக் கண்டு அதன்பால் ஈர்க்கப்பட்டவர். புரிசைக் கண்ணப்பத் தம்பிரான் கூத்துப்பட்டறை நடிகர்களுக்குக் கூத்தைக் கற்பித்தார். மு. இராமசாமி தோற்பாவை நிழற்கூத்தை அதனை நிகழ்த்தியவர்களிடமிருந்தே ஆராய்ந்தார். திருக்குறுங்குடியில் கைசிக நாடகத்தை மீட்டுருவாக்கும் பணியில் இராமானுஜமும் மூத்த கலைஞர்களின் நினைவுகளைத் துணைக்கொண்டார்.

இந்நிகழ்வுகள் அனைத்திலும் கற்பித்தவர் பரம்பரைக் கலைஞர். கற்றவர் பயிற்சி பெற்ற நாடகர். எனினும் நாடக வரலாற்று நூல்கள் பின்னவரை இயக்குநர் என்றும் முன்னவரை மரபின் பிரதிநிதி என்றும் குறிக்கும் வழக்கம் உண்டு. ‘ஆசிரியர்’ என்னும் சொல் முன்னவருக்குக் கிடைப்பது அரிது. மதிப்பூதியம், பணிநியமனம், பாடத்திட்டக் குழுவில் இடம் ஆகியன அச்சொல்லைப் பின்தொடர்ந்தே வருகின்றன. ஆதலின் இது வெறும் பெயர்ச் சிக்கல் ஆகாது.

இருபுறத்து அனுபவத்தையும் ஒருங்கே பெற்றவர்களும் உளர். கே.ஏ. குணசேகரன் (1955–2016) ஒடுக்கப்பட்ட சமூகத்தில் பிறந்து, நாட்டுப்புறப் பாடகராக அறிமுகமாகி, நாட்டுப்புறவியல் ஆய்வாளராகவும் புதுச்சேரிப் பல்கலைக்கழக நாடகப் பேராசிரியராகவும் உயர்ந்தவர். அவரது ‘பலி ஆடுகள்’ தலித் அரங்கின் முன்னோடிப் பிரதி. ‘வடு’ அவரது தன்வரலாறு. மேடையில் ஒலித்த பாட்டு அவர் வாழ்விலிருந்து வந்தது. வகுப்பறையில் அதற்கான ஆய்வுமொழியையும் அவரே தந்தார். ஆங்கிலப் பேராசிரியராகப் பணியாற்றிய அ. மங்கை, பெண்சிசுக் கொலையைப் பொருளாகக் கொண்ட ‘பச்ச மண்ணு’ போன்ற ஆக்கங்களின் வழி அரங்கை ஊர்ப்பெண்களோடு நிகழும் உரையாடலாக ஆக்கினார்.

புஞ்சரசந்தாங்கல்: இழந்த பள்ளியிலிருந்து எழுந்த பள்ளி

பின்புலம் பாடத்திட்டத்தை உருவாக்குகிறது என்பதற்கு மிகத் தெளிவான சான்று கட்டைக்கூத்துக் குருகுலம். அதன் ஆசிரியர் பெ. இராஜகோபால் கூத்துக் குடும்பத்தில் பிறந்தவர். தொடக்கப் பள்ளிப் பருவத்திலேயே படிப்பை விடுத்துத் தந்தையிடம் கூத்துப் பயின்று மேடையேறியவர். 1990இல் கட்டைக்கூத்துச் சங்கம் தோன்றியது. 2002இல் காஞ்சிபுரத்தை அடுத்த புஞ்சரசந்தாங்கலில், கூத்து ஆய்வாளர் ஹன்னா டி புருயினுடன் இணைந்து இராஜகோபால் குருகுலத்தை நிறுவினார். உறைவிடப் பள்ளியாக அமைந்த அங்கு மாணவர் முறைசார் கல்வியையும் கட்டைக்கூத்தையும் ஒருசேரக் கற்றனர். ஆடவருக்கே உரியதாக இருந்த கூத்தில் சிறுமியரும் பயிற்சி பெற்றனர்.

இரவு முழுதும் ஆடும் சிறுவன் பகலில் வகுப்பில் விழித்திருக்க இயலாது. கூத்துக் குடும்பத்துக் குழந்தைகள் பள்ளியை விட்டு நீங்குவதற்கான இக்காரணத்தைத் தம் உடலால் அறிந்த ஒருவரே, கூத்தையும் பள்ளியையும் எதிரெதிர் நிறுத்தாத காலஅட்டவணையைக் கற்பனை செய்ய முடிந்தது. கல்வியியல் பட்டம் பெற்ற ஒருவர் இக்குறையைக் கணக்கெடுப்பில் ‘இடைநிற்றல்’ எனக் காண்பார். இராஜகோபாலுக்கு அது தம் வாழ்க்கை. அதே வேளையில் நிறுவன நிருவாகம், ஆவணப்படுத்தல், ஆய்வு ஆகியவற்றுக்கு ஆய்வாளரின் துணை தேவைப்பட்டது. இரு பின்புலங்கள் ஓரிடத்தில் நீண்டகாலம் இணைந்து பணியாற்றியதன் விளைவே குருகுலம். 2020இல் அது மூடப்பட்டது. பதினெட்டாண்டுகள் நீடித்த முயற்சியும் நிலைத்த அரசு ஏற்பின்றி நிற்பது அரிது என்பதை இம்முடிவு உணர்த்துகிறது.

ஈழத்து ஒப்பீடு

ஈழத்தில் இதே சிக்கலுக்கு வேறொரு தீர்வு காணப்பட்டது. பட்டதாரி ஆசிரியரான குழந்தை ம. சண்முகலிங்கம் 1970களில் கொழும்புப் பல்கலைக்கழகத்தின் நாடக டிப்ளோமாப் பயிற்சியைப் பெற்று, 1978இல் யாழ்ப்பாணத்தில் நாடக அரங்கக் கல்லூரியை நிறுவினார். ‘கூடி விளையாடு பாப்பா’ முதலிய சிறுவர் நாடகங்கள் பள்ளி அரங்கை மாற்றியமைத்தன. ஆசிரியராக இருந்துகொண்டே அரங்கக் கலைஞராவது அங்கு விதிவிலக்காக இல்லாமல் ஒரு மரபாகவே வளர்ந்தது.

மற்றொரு புறம், பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் பேராதனையில் கூத்தைப் பல்கலைக்கழக மேடைக்குக் கொணர்ந்தார். அங்கு மாணவராக ஆடிய மட்டக்களப்பைச் சேர்ந்த சி. மௌனகுரு பின்னாளில் கூத்தின் ஆய்வாளராகவும் ஆசிரியராகவும் திகழ்ந்தார். ‘நாடகமும் அரங்கியலும்’ இலங்கையில் பொதுத் தேர்வுக்குரிய பள்ளிப் பாடமாக இருப்பதால் அதனைக் கற்பிப்பவருக்கு ஆசிரியப் பணியிடமும் உண்டு. தமிழ்நாட்டில் நாடகம் பல்கலைக்கழகத் துறையாக வளர்ந்த அளவுக்குப் பள்ளிப் பாடமாக வளரவில்லை. ஆகவே இங்குப் பயிற்றுக் கலைஞர் பள்ளிக்குள் விருந்தினராகவே நுழைகிறார். அறிவொளி இயக்கக் கலைப்பயணத்திலும், 2021இல் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தின் விழிப்புணர்வுக் கலைக்குழுக்களிலும் கலைஞர்கள் செய்தியைக் கொண்டுசேர்ப்பவராக அமைந்தனர். கலையைக் கற்பிப்பவர் என்னும் நிலை அதனின் வேறானது.

கிளாவரையை முன்வைத்து

மேற்கண்டவற்றை ஒரு குறிப்பிட்ட ஊரில் வைத்துப் பார்ப்பது பயனுடையது. கொடைக்கானலிலிருந்து பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி, பூண்டி வழியாகச் சென்றடையும் கிளாவரை, பழனி மலைத்தொடரில் கேரள எல்லையை அடுத்த ஊர். காந்திகிராமமும் கிளாவரையும் ஒரே திண்டுக்கல் மாவட்டத்தைச் சேர்ந்தவை. ஒன்று அரங்கப் பயிற்சிக்கு வரலாற்றில் இடம்பெற்றது. மற்றொன்று அவ்வரலாற்றின் எல்லைக்கு அப்பால் நிற்பது. மலைப்பூண்டும் உருளைக்கிழங்கும் விளையும் இம்மேல்மலைப் பகுதியில் ஊரின் நாட்காட்டியை விதைப்பும் அறுவடையும் மழையுமே வகுக்கின்றன. கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. நிலத்தின் விளைபொருளுக்கு அதன் நிலமே தகுதி என ஏற்கும் சட்டம் உண்டு. நிலத்தின் பாட்டையும் கதையையும் அறிந்தவருக்கு அவ்வறிவையே கற்பித்தல் தகுதியாக ஏற்கும் விதி இன்னும் உருவாகவில்லை.

இத்தகைய ஊரில் அரங்கக் கல்வியைத் தொடங்குவோர் முன் இரு எளிய வழிகள் உள்ளன. பட்டம் பெற்ற பயிற்றுநரைச் சமவெளியிலிருந்து சில நாட்களுக்கு அனுப்புவது ஒன்று. அவர் விளையாட்டையும் உடற்பயிற்சியையும் தருவார். ஊரின் பாட்டைக் கேட்க அவருக்கு நேரமிராது. அவர் இறங்கிச் சென்றபின் பயிற்சியும் நின்றுவிடும். உள்ளூர்க் கலைஞரிடமே முழுப்பொறுப்பையும் விடுவது மற்றொன்று. அவர் ஊரின் வழக்கை ஆழமாகத் தருவார். பள்ளியின் நடைமுறை அவருக்கு அயலாக இருக்கும். யாரை ஆடவிடுவது, யாரை விலக்குவது என்னும் பழைய சாதி, பாலின வரம்புகளும் உடன்வரக்கூடும். புஞ்சரசந்தாங்கலில் சிறுமியர்க்குக் களம் திறந்ததைப் போன்ற மாற்றம், மரபை அறிந்தவரும் அதனை வினவுபவரும் ஒன்றிணையும்போதே எளிதாகிறது.

இவற்றினின்று மூன்று பரிந்துரைகள் பெறப்படுகின்றன. முதலாவது, பயிற்றுநரைத் தனியராகத் தேர்ந்தெடுக்காமல் இணையாகத் தேர்ந்தெடுத்தல் வேண்டும்: பயிற்சி பெற்ற ஒருவரும் அப்பகுதியின் பாட்டையோ கதையையோ ஆட்டத்தையோ அறிந்த ஒருவரும் சம ஊதியத்துடன், ‘ஆசிரியர்’ என்னும் ஒரே பெயருடன் பணியாற்றவேண்டும். இரண்டாவது, உள்ளூர்க் கலைஞரின் தகுதியை அவர் கற்ற ஆசிரியர், பயின்ற ஆண்டுகள், கற்பித்த மாணவர், ஊரார் சான்று ஆகியவற்றால் அளத்தல் வேண்டும். பள்ளிச் சான்றிதழ் இல்லாமை அவரை விலக்கும் காரணமாகக் கூடாது. மூன்றாவது, பயிற்சியைத் தொடர்ச்சியான சில நாட்களாக வகுக்காமல், அறுவடைக்கு இடையே ஓராண்டுக்கு மேல் பரவும்படி வகுத்தல் வேண்டும்.

முடிவுரை

காந்திகிராமப் பட்டறை பள்ளி ஆசிரியரின் ஒழுங்கைத் தமிழ் அரங்குக்குத் தந்தது. புரிசையும் புஞ்சரசந்தாங்கலும் பரம்பரைக் கலைஞரின் உடலறிவைத் தந்தன. யாழ்ப்பாணம் இவை பள்ளிக்குள் நிலைபெறும் வழியைக் காட்டியது. இவற்றுள் எதுவும் தனித்து நிறைவுடையதன்று. பல்கலைக்கழக நாடகத் துறைகள் தம் ஆய்வேடுகளில் நிகழ்த்துநரைத் ‘தகவலாளி’ எனப் பதிவுசெய்யும் வழக்கத்தை மறுபரிசீலனை செய்து, கற்பித்தவரை ஆசிரியர் எனவே பதிவுசெய்யத் தொடங்கினால், அது இத்துறைக்குச் செய்யும் முதல் நீதியாகும். வாத்தியார், அண்ணாவியார் என்னும் சொற்களை ஊரார் முன்பே வழங்கிவிட்டனர். அவற்றை ஏட்டில் ஏற்பதே கல்விப்புலம் செய்ய எஞ்சியிருப்பது.