ஆற்றில் போட்டாலும் அளந்து போடு: தானமும் கணக்கும்



தானம் செய்ய வேண்டும் என்று நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கின்றோம். ஆனால் கொடுத்த பொருள் உரியவரிடம் போய்ச் சேர்ந்ததா என்று கேட்கச் சொல்லிக் கொடுப்பதில்லை. கேட்டால் புண்ணியம் குறைந்துவிடும் என்றொரு எண்ணம் நம்மிடம் இருக்கின்றது. அது சரியா என்பதை இச்சிறு கட்டுரையில் ஆராய விரும்புகிறேன்.

2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி கொஸ்லாந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மண்சரிந்து லயங்கள் புதையுண்டதை நாம் மறக்கவில்லை. அவ்வேளை நமது ஆலயத்தில் குடும்பத்திற்கு ஒரு நாள் சம்பளம் எனச் சேர்த்தோம். அன்று கொடுப்பனவுகள் எல்லாம் சேர்த்தும் ஒரு நாள் சம்பளம் 620 ரூபாதான். வாகனத்தில் வந்து படம் பிடித்துச் சென்ற ஒரு நிறுவனத்திடம் அப்பணத்தை ஒப்படைத்தோம். கையொப்பமிட்டவன் அடியேன். கணக்குக் கேட்டு இரண்டு கடிதங்கள் எழுதியும் பதில் வரவில்லை. சேலை முந்தானையில் முடிந்து வைத்திருந்ததை அவிழ்த்துத் தந்த, என் தாய் வயதுடைய அம்மா ஒருவர், மறுவருடத் திருவிழாவில் என்னிடம், "தம்பி, அந்தக் காசு அந்தப் புள்ளைங்களுக்குப் போய்ச் சேர்ந்திச்சா?" என்று கேட்டார். அலுவலகத்தில் பற்றுச்சீட்டு இன்றி ஒரு சதமும் வழங்காத எழுதுவினைஞனாகிய நான் தலைகுனிந்து நின்றேன்.

2025 நவம்பரில் டித்வா புயல் நுவரெலியா, கண்டி, பதுளை மாவட்டங்களைச் சிதைத்தபோது மீண்டும் பணம் சேர்த்தோம். இரு நிறுவனங்கள் அதனைக் கேட்டு வந்தன. ஒன்று, "எமக்குச் செலவே இல்லை, முழுவதும் மக்களுக்கே" என்றது. மற்றது லொறி வாடகை, களஞ்சியப் பொறுப்பாளர் சம்பளம், பணிப்பாளர் சம்பளம் யாவற்றையும் எழுதித் தந்தது. "சேவை செய்பவருக்குச் சம்பளம் எதற்கு?" என்று சபையில் சிலர் கோபப்பட்டனர்.

அக்கேள்விக்கு நம் முன்னோரே விடை வைத்திருக்கின்றனர். முதலாம் இராஜராஜ சோழன் தஞ்சைப் பெரிய கோயிலில் நானூறு தளிச்சேரிப் பெண்டுகளை அமர்த்தி, ஒவ்வொருவருக்கும் ஒரு வீடும் ஆண்டுக்கு நூறு கலம் நெல்லும் வழங்கினான். இசைக்கலைஞர், தச்சர், தையற்காரர் முதலியோருக்கும் பங்கு குறிக்கப்பட்டது. இவை யாவும் கோயிற் சுவரிலேயே கல்லில் வெட்டப்பட்டுள்ளன. ஆகவே இறைபணிக்கு ஊதியம் கொடுப்பது குற்றமன்று. அதை மறைப்பதே குற்றம்.

மறைத்தால் என்னவாகும் என்பதற்கு அமெரிக்காவில் ஓர் உதாரணம் உண்டு. யுனைட்டட் வே என்ற பெரிய தர்ம நிறுவனத்தின் தலைவர் வில்லியம் அரமோனி, சம்பளமும் சலுகைகளுமாக ஆண்டுக்கு ஏறத்தாழ 463,000 டொலர் பெற்றது 1992 இல் வெளிவந்தது. நிறுவனப் பணத்தைத் தன் சொந்த சுகங்களுக்குச் செலவிட்டதும் தெரியவந்து, பதவி விலகினார். 1995 இல் ஏழு ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். இன்று அந்நாட்டில் பெரும்பாலான பெரிய தர்ம நிறுவனங்கள் உயர் அதிகாரிகளின் சம்பளத்தை ஆண்டு அறிக்கையில் காட்ட வேண்டும். அதை எவரும் பார்க்கலாம். பிரித்தானியாவிலும் பெரிய நிறுவனங்கள் 60,000 பவுணுக்கு மேல் பெறுவோர் எத்தனை பேர் என்று வெளியிட வேண்டும்.

அதேவேளை, சம்பளம் குறைந்த நிறுவனமே சிறந்தது என்றும் எண்ணிவிடக் கூடாது. மலைச்சரிவில் வீடு கட்டும்போது, "இந்த இடம் ஆபத்து" என்று சொல்லத்தக்க பொறியியலாளருக்குக் கொடுக்கும் சம்பளம் பல உயிர்களைக் காக்கும். அதை மிச்சப்படுத்துவது சேமிப்பாகாது.

ஆகவே கொடுப்பதற்கு முன் நான்கு விடயங்களைக் கேட்போம்.

1. பதிவு உண்டா? தன்னார்வ சமூக சேவை அமைப்புகளின் பதிவு பற்றி 1980 ஆம் ஆண்டின் 31 ஆம் இலக்கச் சட்டம் உள்ளது. பிரதேச செயலகத்தில் விசாரிக்கலாம். பதிவு முதற்படி மட்டுமே. நேர்மைக்கு அதுவே சான்றாகாது.

2. கணக்காய்வு செய்யப்பட்ட கடந்த ஆண்டுக் கணக்கைக் காட்டுவார்களா?

3. தலைவரின் சம்பளம் எவ்வளவு? அதைத் தீர்மானிப்பது யார்? தன் சம்பளத்தைத் தானே தீர்மானிப்பவரிடம் எச்சரிக்கை தேவை.

4. நம் பணத்தில் என்ன வேலை, எந்த இடத்தில், எப்போது முடியும்? பற்றுச்சீட்டும் அறிக்கையும் வருமா?

இக்கேள்விகளை இரு நிறுவனங்களிடமும் கேட்டோம். செலவே இல்லை என்றவர்கள் கணக்குக் காட்டவில்லை. சம்பளத்தை எழுதித் தந்தவர்களிடமே பணத்தைக் கொடுத்தோம். மூன்று மாதத்தில் பற்றுச்சீட்டுகளின் பிரதிகள் வந்தன. அவற்றை மண்டபத்தில் ஒட்டினோம். அந்த அம்மா இன்று நம்மிடையே இல்லை. அவருடைய பேத்தி நின்று வாசித்தாள்.

பிறரிடம் கேட்கும் நாம் நம்மையும் கேட்க வேண்டும். குருக்களுக்கு மாதம் என்ன கொடுக்கின்றோம், மேளகாரருக்கு என்ன, திருவிழாவில் மிஞ்சியது எவ்வளவு என்பதை எழுதி வைக்க மண்டபச் சுவரில் ஒரு பலகை அமைக்கப் பரிபாலன சபையிடம் பிரேரித்துள்ளேன். சிவன் சொத்து குலநாசம் என்பர். கணக்கு வெளியில் இருந்தால் அப்பழிக்கு இடமில்லை.

அளந்து போடுவோம், கேட்டுக் கொடுப்போம். அம்பாளின் திருவருள் அனைவருக்கும் கிட்டுவதாக.