பைனே மலைக்கு ஒரு நாள்: முதன்முறை போகிறவர்களுக்கு

அர்ஜென்டினாவின் எல் கலஃபாதே ஊருக்குப் பெரும்பாலோர் பெரிட்டோ மொரேனோ பனியாற்றைப் பார்க்கத்தான் போகிறார்கள். அங்கே போய் இறங்கிய பிறகுதான், எல்லைக்கு அந்தப்புறம் சிலியில் இருக்கும் டோரஸ் டெல் பைனே தேசியப் பூங்காவையும் ஒரே நாளில் பார்த்துவிடலாமா என்ற ஆசை வருகிறது. பார்க்கலாம். ஆனால் அந்த ஒரு நாளின் பெரும்பகுதி உங்களுடையதல்ல. சாலையும் எல்லைச் சாவடியும் எடுத்துக்கொண்டது போக மிஞ்சுவதுதான் உங்களுக்கு. அதை மனத்தில் வைத்துக்கொண்டு மற்றதைக் கேளுங்கள்.

1. வரைபடத்தை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். நேர்கோட்டில் அளந்தால் 100 கிலோமீட்டருக்குள்தான் வரும். நடுவில் மலையும் ஏரியுமாக இருப்பதால் நேர்ச்சாலை கிடையாது. புல்வெளியைச் சுற்றித் தெற்கே இறங்கி, கான்ச்சா கர்ரேரா சாவடியில் அர்ஜென்டினாவை விட்டு, செர்ரோ காஸ்தியோவில் சிலிக்குள் நுழைந்து, மறுபடி வடமேற்கே ஏறவேண்டும். போவதற்கு மட்டும் 250 கிலோமீட்டருக்கு மேல். விடிவதற்கு முன் கிளம்பினால் திரும்ப இரவாகும். பூங்காவுக்குள் உங்களுக்குக் கிடைப்பது ஐந்தாறு மணி நேரம்.

2. விசாவை ஊரிலேயே சரிபார்த்துக்கொள்ளுங்கள். சிலிக்கு உண்டா என்று மட்டும் பார்த்துவிட்டு நிம்மதியாகிவிடுகிறார்கள். மாலையில் நீங்கள் அர்ஜென்டினாவுக்குள் இரண்டாவது தடவை நுழைகிறீர்கள். ஒருமுறை மட்டும் நுழைய அனுமதிக்கும் விசாவாக இருந்தால், திரும்பும் சாவடியில் நின்றுவிட வேண்டியதுதான். விதிகள் மாறிக்கொண்டே இருப்பதால் இரண்டு நாட்டுத் தூதரகங்களிடமும் நேரடியாகக் கேளுங்கள். வாடகைக் கார் என்றால், அதை எல்லை தாண்டி ஓட்டிப்போக நிறுவனம் தரும் அனுமதிப் பத்திரம் தனியாக வேண்டும். முதல் நாள் மாலை போய்க் கேட்டால் கிடைக்காது.

சாவடி வரிசையில் நிற்கும்போது அலுத்துக்கொள்ளாதீர்கள். அந்த எல்லைக்கோடு பெரிய வழக்கில் பிறந்தது. உயர்ந்த சிகரங்களே எல்லை என்றது அர்ஜென்டினா. நீர் பிரிந்து ஓடும் மேடே எல்லை என்றது சிலி. 1902-இல் இங்கிலாந்து மன்னர் ஏழாம் எட்வர்டு நடுவராக இருந்து தீர்த்துவைத்தார். இரண்டு நாடுகள் போருக்குப் போகாமல் பிரித்துக்கொண்ட நிலத்தில் நிற்கிறீர்கள்.

3. சாப்பாட்டுப் பையை முந்தின இரவே கொட்டிப் பாருங்கள். பழம், பச்சைக் காய்கறி, தேன், விதை, இறைச்சி, பால் பொருள் எதையும் சிலி எளிதில் உள்ளே விடாது. மற்ற நாடுகளின் பூச்சியும் நோயும் தங்கள் தோட்டங்களுக்கு வந்துவிடக் கூடாதென்று அவ்வளவு கண்டிப்பு. நம்மவர்கள் பையில் ஒரு எலுமிச்சம்பழமோ கொஞ்சம் கறிவேப்பிலையோ மறந்து கிடக்கும். சந்தேகமாக இருந்தால் படிவத்தில் ‘இருக்கிறது’ என்றே எழுதுங்கள். சொல்லிவிட்டால் பொருள் மட்டும் போகும், மறைத்தால் அபராதம்.

4. காற்றுக்குப் பயப்படுங்கள். கோடையில்தான் அது மூர்க்கம். மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டி வீசும் நாட்களும் உண்டு. காரை நிறுத்தும்போது காற்று முன்பக்கம் மோதும்படி நிறுத்தி, கதவை இரு கையாலும் பிடித்துத் திறவுங்கள். குடை எதற்கும் உதவாது. ஒரே மதியத்தில் வெயில், மழை, ஆலங்கட்டி மூன்றும் வரும் என்பதால், காற்றும் நீரும் புகாத மேலங்கியும் காதை மூடும் தொப்பியும் எடுத்துக்கொள்ளுங்கள்.

5. ‘கோபுரங்கள்’ (டோரஸ்) எனப்படும் மூன்று சிகரங்களின் அடிவாரத்துக்கு நடக்க ஆசைப்படாதீர்கள். போய்வர சுமார் 20 கிலோமீட்டர், எட்டு மணி நேரம் ஆகும். உங்களிடம் அந்த நேரம் இல்லை. அந்த மூன்று கோபுரங்களையும் லகுனா அமர்கா ஏரிப் பக்கத்திலிருந்து தூரத்தில் பாருங்கள், மேகம் விட்டால். நான் சொல்வேன், உங்கள் நேரத்தில் பாதியைச் சால்ட்டோ கிராண்டே அருவிக்குக் கொடுங்கள். நோர்டென்ஷோல்ட் ஏரியின் நீர் பெஓவே ஏரிக்குள் பாய்ந்து விழும் இடம் அது. வண்டி நிற்கும் இடத்திலிருந்து அருவி பக்கம்தான். அங்கிருந்து இன்னும் ஒரு மணி நேரம் நடந்தால் ‘கொம்புகள்’ எனப்படும் குவெர்னோஸ் சிகரங்கள் நேர் எதிரே நிற்கும். நடுவில் வெளிறிய கிரானைட், உச்சியில் கறுத்த படிவுப்பாறை. சுமார் 1.2 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமிக்குள்ளிருந்து எழுந்த பாறைக்குழம்பு பழைய படிவுகளுக்குள் புகுந்து உறைந்தது. பின்னால் வந்த பனியாறுகள் சுற்றிலும் அறுத்து எடுத்துவிட்டன. கறுப்பும் வெளுப்பும் சேரும் அந்த வரியைக் கண்ணால் தொடர்ந்து பாருங்கள். ஏழெட்டு இடங்களில் இறங்கிப் படம் எடுத்துக்கொண்டு ஓடுகிறவர்களுக்கு இது கிடைப்பதேயில்லை. காற்று மிஞ்சினால் அந்தப் பாதையை மூடுவார்கள். காவலர் வேண்டாமென்றால் வாதாடாதீர்கள்.

6. நுழைவுச்சீட்டை இணையத்தில் முன்பே வாங்கி, கைப்பேசியில் சேமித்துக்கொள்ளுங்கள். பூங்காவுக்குள் சிக்னலை நம்ப முடியாது. பெட்ரோலும் உள்ளே கிடைக்காது.

7. நெருப்பு. இதில் எனக்குச் சமாதானமே கிடையாது. 2005-இல் ஒரு பயணியின் அடுப்பு கவிழ்ந்து சுமார் 15,000 ஹெக்டேர் எரிந்தது. 2011 டிசம்பரில் இன்னொரு பயணி பற்றவைத்த தீ சுமார் 17,000 ஹெக்டேரைத் தின்றது. இரண்டு பேரும் உங்களைப் போல ஆசையாகப் பார்க்க வந்தவர்கள்தாம். அந்தக் காற்றில் ஒரு பொறி போதும். லெங்கா மரங்கள் அந்தக் குளிரில் மெல்லத்தான் வளரும். எரிந்த காடு மீள்வதை நம் ஆயுளில் முழுதாகப் பார்க்க முடியாது. சிகரெட், தீப்பெட்டி, சிறு அடுப்பு எதையும் வண்டியைவிட்டு இறக்காதீர்கள். உடன் வந்தவர் இறக்கினால், அவர் வயதில் மூத்தவராக இருந்தாலும் தடுங்கள்.

8. குவனாக்கோ என்னும் காட்டு விலங்கு சாலையோரம் மேயும், நரி பக்கத்தில் வந்து நிற்கும். தீனி போடாதீர்கள்.

9. திரும்பும் நேரத்தைக் காலையிலேயே முடிவு செய்யுங்கள். சாவடி திறந்து மூடும் நேரம் பருவத்துக்குப் பருவம் மாறும். போகும்போதே அதிகாரியிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கோடையில் இரவு ஒன்பது மணிக்கு மேலும் வெளிச்சம் இருப்பதால் நேரம் போவது தெரியாது. இன்னும் ஒரு நாள் கைவசம் இருந்தால் இந்த அவசரமே வேண்டாம். சிலிப் பக்கத்துப் புவெர்த்தோ நத்தாலெஸில் ஓர் இரவு தங்குங்கள். கோபுரங்களின் அடிவாரம் வரை நடக்கவும் அப்போது நேரம் இருக்கும்.